காரணம் என்ற கட்டம்

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சென்னைப் புறநகரில் ஒரு கல்லூரியின் காட்சித் தொடர்பியல் துறையில் வாரத்தில் இரண்டு நாள் பாடம் எடுத்துவருகிறேன். ஊடகத்துக்கு எழுதுதல் என்று அதற்குப் பெயர். கவிதை எழுதுகிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று நண்பர்கள் கேட்டார்கள். எனக்கும் அது தெரியாமல்தான் போய்ச் சேர்ந்தேன். போன வருஷம் அங்கே நடந்த ஒரு காரியத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அதில் என்மேல் தவறு இருக்கிறது. விமர்சனம் எழுதுகிற நம்மில் பலர்மேலும் கொஞ்சம் இருக்கலாம்.

மூன்றாம் செமஸ்டரில் மாணவர்கள் நாலு நாலு பேராகச் சேர்ந்து ஒரு பாட்டுக்கு வீடியோ எடுத்துத் தரவேண்டும். நாலு நிமிஷத்துக்கு மேல் போகக்கூடாது. சினிமாப் பாட்டும் கூடாது. உரிமைத் தகராறு வரும். படத்தோடு ஒரு நோட்டும் தரவேண்டும். பாட்டை வரிவரியாகப் பிரித்து எழுதிய தாள், ஸ்டோரிபோர்டு, ஷாட் பட்டியல், செலவுக் கணக்கு எல்லாம் அதில் இருக்கும். ஷாட் பட்டியலில் ஆறு கட்டங்கள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘காரணம்’. ஒவ்வொரு ஷாட்டும் ஏன் அப்படி எடுக்கப்பட்டது என்று அதில் எழுதவேண்டும். படத்துக்கு எவ்வளவு மார்க்கோ அதே அளவு மார்க் நோட்டுக்கும் உண்டு.

என் பொறுப்பில் விட்ட குழுவில் இரண்டு பெண்கள், இரண்டு பையன்கள். ஒரு பெண் டைரக்டர். இன்னொருத்தி தானே மெட்டுப் போட்டுப் பாடுகிறவள். பாட்டும் அவளுடையதுதான். வாடகை வீட்டைக் காலி செய்கிறதைப் பற்றிய பாட்டு அது. ஊஞ்சல் கொக்கி, சுவரில் உயரம் அளந்து போட்ட பென்சில் கோடுகள், கதவின் பின்னால் ஒட்டிய காலண்டர் என்று ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டு போகும். கவிதையாக வைத்துப் பார்த்தால் சாதாரணம். அவள் பாடிக் கேட்டபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் குடும்பம் பதினாலு வருஷமாக இருந்த வீட்டை நிஜமாகவே அந்த மாதக் கடைசியில் காலி செய்யவிருந்தார்கள். அதனால் படப்பிடிப்புக்கும் ஒரு கெடு இருந்தது.

முதல் ஸ்டோரிபோர்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். பாட்டில் கொக்கி என்றால் படத்தில் கொக்கி. பாட்டில் கோடு என்றால் படத்தில் கோடு. “இது பாட்டா, சாமான் ஜாபிதாவா?” என்று கேட்டேன். டைரக்டர் பெண்ணின் முகம் சுருங்கிப்போனது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

நம் பிள்ளைகளுக்குப் பாட்டைப் படமாக்குவது என்றால் என்னவென்று யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1931இல் ‘காளிதாஸ்’ வந்ததிலிருந்து நம் சினிமாவில் பாட்டு இருக்கிறது. 1975இல் சென்னைத் தொலைக்காட்சி வந்த பிறகு, வெள்ளிக்கிழமை இரவுகளில் யார் வீட்டு ஜன்னலிலாவது தொற்றிக்கொண்டு ‘ஒளியும் ஒலியும்’ பார்த்தவர்கள் என் தலைமுறை. கதையிலிருந்து பிய்த்தெடுத்த பாட்டைத் தனியே பார்க்க நாங்கள் பழகியது அப்போதுதான். மேற்கே இதற்கு வேறு பிறப்பு. அங்கே இது பாட்டை விற்க வந்த விளம்பரம். குவீன் குழு ‘பொஹீமியன் ராப்ஸடி’க்கு எடுத்த படம் 1975இல் வந்தது. எம்டிவி 1981 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கியது. அதற்குப் பிறகு விளம்பரம், கலை என்ற இரண்டு பேரையும் இது சேர்த்தே சுமக்கிறது. பின்னால் பாடத்திட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. பாடத்திட்டத்துக்குள் ஒன்று வந்தால் அதற்கு ஒரு கோட்பாடு வேண்டும். ஆண்ட்ரு குட்வின் 1992இல் எழுதிய புத்தகத்தை வைத்துக்கொண்டு நானும் மூன்று வார்த்தைகளைக் கரும்பலகையில் எழுதினேன். சித்திரித்தல், பெருக்குதல், விலகல். படம் பாட்டு சொல்வதையே காட்டலாம். அதற்குமேல் ஒன்றைச் சேர்த்துச் சொல்லலாம். அல்லது பாட்டுக்குச் சம்பந்தமில்லாமல் தன்பாட்டுக்கு நிற்கலாம். கூடவே, 1928இல் ஐசன்ஸ்டைனும் புடோவ்கினும் அலெக்ஸாண்ட்ரோவும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையையும் சொன்னேன். சினிமாவுக்குப் பேச்சு வந்துகொண்டிருந்த நேரத்தில், ஒலி பிம்பத்தோடு இணங்கிப்போகக் கூடாது, முரண்பட்டு நிற்கவேண்டும் என்று சொன்ன அறிக்கை. பிலிம் சொசைட்டி நாட்களில் நான் சேர்த்துவைத்த அறிவு இப்படியாவது செலவாகட்டுமே என்று இருந்தது. பிள்ளைகள் மூன்று வார்த்தைகளையும் அடிக்கோடிட்டுக்கொண்டார்கள். ‘விலகல்’தான் உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சொன்ன தொனியில் அது இருந்திருக்கும்.

படப்பிடிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் வீட்டு மொட்டை மாடியில். கூப்பிட்டார்கள், போனேன். துறையின் ஒரே நல்ல காமிரா, கால் ஒன்று ஆடுகிற ட்ரைபாட், வெயிலைத் திருப்ப தெர்மோகோல் அட்டை. பாட்டை செல்போனிலிருந்து ஒரு சின்ன ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு அதற்கேற்ப அவள் வாயசைக்கவேண்டும். சில இடங்களில் அவள் மெதுவாக நகரவேண்டும், ஆனால் உதடு மட்டும் பாட்டோடு சேரவேண்டும். அதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அந்த வேகத்திலேயே அவளை வாயசைக்கச் சொல்லி, செகண்டுக்கு ஐம்பது பிரேமில் எடுக்கிறது. பிறகு அதை இருபத்தைந்தில் ஓட்டினால் உடம்பு நிதானமாகிவிடும், உதடு பாட்டுக்குச் சரியாக வந்து நிற்கும். ஸ்பீக்கரில் அவள் குரல் எலிக்குஞ்சுபோலக் கீச்சிட, வீட்டைவிட்டுப் பிரிகிற பாட்டை அவள் பிசாசு வேகத்தில் பாடினாள். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து மாடியில் வடாம் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தாள். சோகம் இப்படித் தயாராவதைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது.

நாலு மணிக்கு மேல் வழக்கமான வேகத்தில் ஒரு நெருக்கமான ஷாட். இரண்டாம் சரணம் முடியும் முன்பே ஸ்பீக்கரில் சார்ஜ் தீர்ந்து பாட்டு அறுந்துபோனது. அவள் நிறுத்தினாள். “கட்” என்று யாரும் சொல்லவில்லை. ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன் கீழே ஓடினான். காமிராப் பையன் அணைக்க மறந்துவிட்டான். அவள் மாடிப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் பாடுகிறவளின் பாவம் எதுவும் இல்லை. ஏழு செகண்ட் இருக்கும். பிறகு காமிரா ஓடுவதைக் கவனித்துக் கையை ஆட்டினாள்.

டைரக்டர் பெண் எடிட்டிங்கில் அந்த ஏழு செகண்டை இரண்டாம் இடையிசையின்மேல் வைத்திருந்தாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. மற்ற இடங்களில் அந்தப் படம் கெட்டிக்காரத்தனமான மாணவர் படம். அந்த ஏழு செகண்டில் மட்டும் ஒரு வீடு போகிறது.

நோட்டு கொடுக்கவேண்டிய நாளைக்கு முந்தின நாள் அவள் நோட்டோடு வந்தாள். நாற்பத்தொன்றாவது ஷாட். காரணம் என்ற கட்டத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: ஸ்பீக்கரில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

“இதை அப்படியே எழுதினா மார்க் போயிடுமா சார்?” என்றாள்.

“போகாம என்ன செய்யும்? வெளியிலேருந்து வர்றவர் பார்ப்பார்” என்றேன். நோட்டை வாங்கி, அழித்துவிட்டு, மூன்று வாக்கியங்கள் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னேன். பாட்டு சொற்களால் நிரம்பியிருக்க, பாடுபவளின் மௌனம் அதிலிருந்து விலகுகிறது. பார்வையின் இலக்கு சட்டகத்துக்கு வெளியே இருப்பதால் இழப்பு காட்டப்படாமல் உணர்த்தப்படுகிறது. இது திட்டமிட்ட விலகல். ‘திட்டமிட்ட’ என்ற சொல்லை நான்தான் சேர்த்தேன். அவள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினாள்.

வாய்மொழித் தேர்வில் வந்தவர் அந்த மூன்று வாக்கியங்களையும் உரக்கப் படித்துப் பாராட்டினார். குழுவுக்கு நல்ல மார்க். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த செமஸ்டரில் அவள் குறும்படத்துக்கு ஸ்டோரிபோர்டு கொண்டுவந்தாள். படம் எடுக்கும் முன்பே காரணக் கட்டங்கள் அத்தனையும் நிரம்பியிருந்தன. இரண்டு இடங்களில் கதாநாயகி சட்டகத்துக்கு வெளியே வெறுமையாகப் பார்க்கிறாள். எதிரே ‘விலகல்’.

“எதைப் பார்க்கிறா?” என்றேன்.

“எதையும் இல்ல சார். சும்மா வெளிய. நீங்கதானே சார் சொன்னீங்க.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “ஏழு செகண்ட் வைக்கலாமா, அஞ்சு போதுமா சார்?” என்றும் கேட்டாள்.

அன்று மாலை துறைக் கம்ப்யூட்டரில் பழைய படத்தின் வெட்டாத துண்டுகளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். காமிராவின் மைக் பதிவு செய்திருந்த சத்தம் அவற்றில் அப்படியே இருந்தது. நாற்பத்தொன்றாவது ஷாட்டில் பாட்டு அறுந்த மறு செகண்டில் கீழேயிருந்து ஒரு சத்தம் வருகிறது. அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுவதற்காக உருளையிலிருந்து நீளமாக இழுக்கிற கிறீச் சத்தம். பிறகு இன்னொரு தடவை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தவரை அது அவள் காதில் விழவில்லை. வீட்டைக் காலி செய்கிறதைப் பற்றி அவள் மேலே பாடிக்கொண்டிருந்தபோது கீழே அவள் வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் திரும்பிப் பார்த்தாள். நானும் அங்கேதான் நின்றிருந்தேன். எனக்கு அந்தச் சத்தம் நினைவில்கூட இல்லை. வெளியே ஒன்றும் இல்லாத வெறுமை அல்ல அது. டேப்பும் அட்டைப்பெட்டியும் அப்பாவும் இருந்த இடம். ஸ்பீக்கரில் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று அந்தப் பெண் பென்சிலால் எழுதியதுதான் சரியான காரணம். அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஓர் அடி போயிருந்தால் விஷயம் முழுக்கக் கிடைத்திருக்கும். நான் அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கோட்பாட்டை வைத்தேன்.

சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ தொடங்கிய காலத்திலிருந்து நம்மிடையே ஒரு வழக்கு நடந்துவருகிறது. படைப்பை அலசிக் காரணம் காட்டவேண்டும் என்பது செல்லப்பா கட்சி. ரசனையில் தேறியதைச் சுட்டிக்காட்டினால் போதும், பட்டியல் போட்டாலும் போதும் என்பது க.நா.சு. கட்சி. நான் எப்போதும் செல்லப்பா பக்கம். இப்போதும் மாறவில்லை. காரணம் கேட்பது தவறல்ல. ஆனால் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது ஒன்று, கட்டத்தை நிரப்புவது வேறொன்று. இரண்டும் பார்வைக்கு ஒரேமாதிரி இருக்கின்றன. இரண்டாவதற்கு மார்க்கும் கிடைக்கிறது.

இதற்குமேல் ஒன்றையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் கட்டத்தை நிரப்பினதாகிவிடும்.

1980களின் தொடக்கத்தில் ஒரு சிறுபத்திரிகையில் என் கவிதை ஒன்று வந்தது. கொடியில் உலர்ந்த சட்டை என்று எழுதியிருந்தேன். என் கையெழுத்தில் ‘ல’ கொஞ்சம் அதிகமாகச் சுழியும். அச்சுக்கோத்தவர் ‘ண’ என்று படித்துவிட்டார். கொடியில் உணர்ந்த சட்டை என்று அச்சாகி வந்தது. பத்திரிகையைப் பார்த்ததும் ஆசிரியருக்குக் கோபமாக ஒரு கார்டு எழுதினேன். அதைத் தபாலில் போடும் முன்பே நண்பர் ஒருவரின் கடிதம் வந்துவிட்டது. இரண்டு பக்கம் அந்தப் படிமத்தைப் பற்றி. ஆளில்லாத சட்டைக்குப் பிரக்ஞை வருகிற கணம், இன்னும் என்னென்னவோ. கார்டைக் கிழித்துப் போட்டேன். பிறகு அந்தக் கவிதையைப் பற்றி யார் பேசினாலும் அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசினார்கள். ஒரு கூட்டத்தில் ஏன் அப்படி எழுதினேன் என்று கேட்டபோது காரணமும் சொன்னேன். நன்றாகவே சொன்னேன்.

போன மாதம் அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். நாற்பத்தொன்றாவது ஷாட்டின் சத்தத்தையும் போட்டுக் காட்டினேன். டேப் சத்தத்தை இரண்டு தடவை கேட்டாள். “அய்யோ, இதை நான் எடிட்டிங்ல ம்யூட் பண்ணிட்டேன் சார்” என்றாள். பிறகு சட்டை விஷயத்துக்கு வந்தாள். “அப்ப அந்த லைன் உங்களுதா சார், பிரஸ்காரரோடதா?” கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

என் பழைய கவிதைகளை ஒரு நண்பர் மறுபடி தொகுத்து அச்சிடுகிறார். புரூப் வந்து ஒரு வாரமாகிறது. எழுபத்திரண்டாம் பக்கத்தில் உணர்ந்த சட்டை அப்படியே இருக்கிறது. மற்ற பக்கங்களையெல்லாம் திருத்தி அனுப்பிவிட்டேன். அந்த ஒரு தாளை மட்டும் வைத்திருக்கிறேன்.