பெருவிரல் கணக்கு

கூவம் நதி மூன்று புறமும் வளைந்து சூழ்ந்திருக்கும் சிந்தாதிரிப்பேட்டை, 1734-ஆம் ஆண்டில், ஜார்ஜ் மார்ட்டன் பிட் என்பவர் சென்னைக் கவர்னராக இருந்த காலத்தில், கிழக்கிந்தியக் கும்பெனியின் பெரிய வர்த்தகராக விளங்கிய சுங்குராமருடைய தோட்டமாக இருந்த நிலத்தில், நூற்போரையும் நெய்வோரையும் சாயமிடுவோரையும் வெளுப்போரையும் குடியேற்றுவதற்கென்றே நிர்மாணிக்கப்பட்ட ஊர் என்பது சரித்திரம். அந்தத் தறிகளின் ஓசை அடங்கி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. இன்று அண்ணா சாலைப் பக்கமிருந்து இந்தப் பேட்டைக்குள் நுழைகிறவன் காதில் விழுவது சுத்தியல் சத்தமும், காற்றடிக்கும் கம்ப்ரஸரின் இரைச்சலும், யாரோ ஒருவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்து விடும்போது எழும் டீசல் எஞ்சினின் உறுமலுந்தான். இந்த மாற்றம் காரணமின்றி நேர்ந்ததன்று. குதிரை வண்டி கட்டும் தொழிலில் 1840-இல் தொடங்கிய சிம்ப்ஸன் கம்பெனியில் 1903-ஆம் ஆண்டு சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் மோட்டார் வண்டி ஒன்றைக் கட்டி ஓட்டிய நாள் முதலாகவே, அண்ணா சாலையாக இன்று வழங்கும் மவுண்ட் ரோடு மோட்டார் வியாபாரத்தின் ராஜபாட்டையாயிற்று. ராஜபாட்டையில் கண்ணாடிக் கடைகள் இருந்தால், அவற்றின் பின்புறத்துச் சந்துகளில் கையில் கிரீஸ் படிந்த மனிதர்கள் இருந்துதானே ஆக வேண்டும்? நதிக்கு அக்கரையில், பழைய வண்டிகளை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து விற்கும் புதுப்பேட்டை வேறு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

இந்தச் சந்துகளில் நடக்கும் வேலைகளுக்குள்ளே மிகவும் அற்பமென்று எல்லோராலும் கருதப்படும் வேலை எதுவோ அதைத்தான் பார்க்க வேண்டும் என்ற விருப்பத்துடன் நான் போனேன். எஞ்சினை இறக்கிப் பிரிப்பவனுக்கு ஒரு மதிப்பு உண்டு. பம்ப் நாஸில் வேலை தெரிந்தவனுக்கு அதைவிட உயர்ந்த ஸ்தானம். ஃபேன் பெல்ட்டு மாற்றுவதையோ, தொழில் பழக வந்த பையனின் தலையில் முதல் மாதத்திலேயே கட்டிவிடுகிறார்கள். மோட்டார் சங்கதிகளில் என்னைவிடத் தேர்ந்த நண்பர் ஒருவர், “அதைப் போய் என்ன பார்க்கப் போகிறீர்கள், பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவதில் வித்தை என்ன இருக்கிறது?” என்று சிரித்தார். அவருடைய அபிப்பிராயத்தோடு எனக்கு இப்போது சம்மதமில்லை.

எஞ்சினின் முன்முகத்தில், கிராங்க் ஷாஃப்டின் நுனியில் ஒரு புல்லி சுழல்கிறது. அது சுழலும் பலத்தைக் கொண்டு போய்த் தண்ணீர் பம்புக்கும் காற்றாடிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் பங்கிட்டுக் கொடுப்பது ஒரு ரப்பர் வளையம். டிரைவர்கள் ஆல்டர்னேட்டரை இன்னமும் டைனமோ என்றே சொல்லுகிறார்கள். நானும் அப்படியே சொல்லுகிறேன். பவர் ஸ்டியரிங்கும் ஏ.சி.யும் உள்ள வண்டிகளில் அவற்றுக்கென்று வேறு வளையங்களும் உண்டு. பழைய டீசல் பிக்கப் வண்டிகளில் இன்னொரு விசேஷம் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது இயல்பாகவே ஒரு வெற்றிடம் பிறக்கிறது; பிரேக்கை அழுத்தும் காலுக்குத் துணை செய்வது அந்த வெற்றிடமே. டீசல் எஞ்சினில் அது பிறப்பதில்லையாதலால், அதை உண்டாக்குவதற்கென்று ஒரு சிறு பம்பை டைனமோவின் பின்புறத்திலேயே பொருத்தி விடுகிறார்கள். ஆகவே, போரூரிலோ பூந்தமல்லியிலோ ஒரு பெல்ட்டு அறுந்தால், பாட்டரி சார்ஜ் ஏறுவது நிற்கிறது, தண்ணீர் கொதிக்கிறது என்பதோடு போவதில்லை. சிறிது நேரத்திற்கெல்லாம் பிரேக் மிதி கல்லைப் போல் கெட்டியாகிவிடுகிறது. பின்னால் ஒன்றரை டன் மீன் இருக்கும்போது அது எப்பேர்ப்பட்ட ஆபத்து என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

மீனைச் சொன்னது அலங்காரத்துக்காக அல்ல. சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் பெட்டிகளைச் சுமந்து வரும் டாடா 207 வண்டி ஒன்றுதான் அன்று காலை அந்த ஷெட்டின் வாசலில் நின்றது. ஷெட் என்பது ஒரு மரியாதைச் சொல். தகரக் கூரை வேய்ந்த ஒரு திண்ணை, சுவரோரம் ஆணிகளில் தொங்கும் ஸ்பேனர்கள், எண்ணெய் குடித்துக் கறுத்துப்போன ஒரு மரப்பெட்டி, இவ்வளவுதான். வண்டிகளுக்குச் சிகிச்சை நடப்பதெல்லாம் தெருவில். ஷெட்டுக்குச் சொந்தக்காரரை அந்தத் தெருவில் எல்லோரும் ‘பாய்’ என்றே அழைக்கிறார்கள். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு, கண்ணால் பார்ப்பதைக் காட்டிலும் விரலால் பார்ப்பதையே வழக்கமாகக் கொண்டவர்.

“இன்னாப்பா, மூணு மாசம் முன்னாடிதானே வேற எங்கியோ பெல்ட்டு போட்டேன்னு சொன்னே?” என்று டிரைவரைக் கேட்டார்.

“ஆமா பாய். காலைல சாவியத் திருப்பினா தெருவே முழிச்சிக்குது. அங்கியே போய்க் கேட்டேன், கம்பெனி பெல்ட்டு சரியில்ல, மாத்திக்கோன்னாங்க. இது மூணாவது பெல்ட்டு.”

“சோப்பு தேய்ச்சியா?”

டிரைவர் பதில் சொல்லாமல் சிரித்தார். கத்துகிற பெல்ட்டில் சலவைச் சோப்பையோ மெழுகுவர்த்தியையோ தேய்த்துச் சத்தத்தை அடக்குவது டிரைவர்களிடையே பரம்பரையாக வரும் வைத்தியம். சத்தம் அப்போதைக்கு அடங்கும், வழுக்கலோ அதிகமாகும். வழுக்க வழுக்கச் சூடேறி, ரப்பரின் பக்கங்கள் கண்ணாடி போல் இறுகிப் போகும்.

பாட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றச் சொல்லிவிட்டு, பாய் பெல்ட்டின் மேல்முதுகைத் தொடவேயில்லை. அதைப் பக்கவாட்டில் முறுக்கி, உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி, என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். “பாருங்க சார், ரேடியேட்டர் பக்கம் கருப்பா இருக்குது, எஞ்சின் பக்கம் மட்டும் பளபளன்னு இருக்குது. பெல்ட்டு கெட்டிருந்தா ரெண்டு பக்கமும்ல கெடணும்?” இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்த தர்க்கத்தை நான் புரிந்துகொள்வதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டியிருந்தது. இந்த வகைப் பெல்ட்டு குறுக்கு வெட்டில் ஆப்பு வடிவமானது. புல்லியின் குழியும் அதற்கேற்ற ஆப்பு வடிவமே. பெல்ட்டு வேலை செய்வது அடிப்பாகத்தினால் அன்று. இரண்டு கன்னங்களும் குழியின் இரண்டு சுவர்களிலும் இறுகப் பற்றுவதனால்தான். குழியின் அடித்தளத்தில் பெல்ட்டு உரசி, அங்கே உலோகம் மினுங்கத் தொடங்கிவிட்டால், பெல்ட்டு தேய்ந்து உள்ளே இறங்கிவிட்டது என்றோ, அளவு தவறான பெல்ட்டு என்றோ அர்த்தம். ஒரு கன்னம் மட்டும் தேய்ந்தால், புல்லிகள் ஒரே கோட்டில் நிற்கவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட வண்டியில் எத்தனை புதுப் பெல்ட்டு போட்டாலும், அத்தனையும் அதே கதியைத்தான் அடையும்.

“டேய், அந்த நூலை எடு” என்றார் பாய். அவரிடம் தொழில் பழகும் பையன் மரப்பெட்டிக்குள்ளிருந்து கொத்தனார் உபயோகிக்கும் நூற்கண்டைக் கொண்டு வந்தான். பெல்ட்டைக் கழற்றுவதற்காக டைனமோவைத் தாங்கும் கீழ் போல்ட்டையும், நீண்ட துளையுள்ள பட்டையில் அதைப் பிடித்திருக்கும் மேல் நட்டையும் தளர்த்தி, டைனமோவை எஞ்சினை நோக்கித் தள்ளினார்கள்; தொய்ந்த பெல்ட்டைக் காற்றாடியின் இறகுகள் ஒவ்வொன்றின் மேலும் தாண்டவைத்து வெளியே எடுத்தான் பையன். பிறகு நூலின் ஒரு நுனியைக் கிராங்க் புல்லியின் குழிக்குள் பையன் விரலால் அழுத்திக்கொள்ள, மறு நுனியைத் தண்ணீர் பம்பின் குழிக்குள் பாய் அழுத்திப் பிடித்தார். நூல் நேராக நின்றது. தண்ணீர் பம்பிலிருந்து டைனமோவுக்கு நூலை நகர்த்தியபோது, டைனமோ புல்லியின் விளிம்பில் அது லேசாக இடித்து, கண்ணுக்குத் தெரியும்படி ஒரு பக்கமாக வளைந்தது. புல்லியின் முகத்தோடு முகம் வைத்து ஸ்கேலால் பார்த்தால் ஆகாதா என்று கேட்டேன். “மூஞ்சிய நம்பக்கூடாது சார். ஒரு புல்லிக்கு ஓரம் கனமா இருக்கும், ஒண்ணுக்கு மெல்லிசா இருக்கும். குழியைத்தான் நம்பணும்.” நெசவாளருக்கென்று பிறந்த பேட்டையில் நூலுக்கு இன்னும் ஒரு வேலை மிச்சமிருப்பதைக் கண்டு நான் மனத்துக்குள் மகிழ்ந்தேன், பாயிடம் அதைச் சொல்லவில்லை, அவருக்கு வேலை இருந்தது.

குற்றவாளி யாரென்று தெரிந்தபின் காரணம் கண்டுபிடிக்க நெடுநேரம் பிடிக்கவில்லை. முன்பு எப்போதோ டைனமோவைக் கழற்றி ரிப்பேர் செய்து மாட்டியவர்கள், அதன் காதுக்கும் தாங்கிக்கும் நடுவே இருக்க வேண்டிய வாஷர் ஒன்றைப் போடாமலே முடுக்கிவிட்டிருக்கிறார்கள். மூன்று மில்லிமீட்டர் கூட இராது. அந்தக் கனத்துக்கு டைனமோ பின்னுக்குச் சரிந்து நின்றதால், மூன்று பெல்ட்டுகள் பலியாயின. பாய் பெட்டியைக் குடைந்து, பல கனங்களில் கிடந்த வாஷர்களில் ஒன்றை எடுத்துப் போட்டு, மறுபடியும் நூல் பிடித்தார், சற்று அதிகமாயிற்று, அதை எடுத்துவிட்டு மெல்லியது ஒன்றைப் போட்டார். நூல் நேராயிற்று.

பெல்ட்டு இல்லாத அந்த வேளையை வீணாக்கக்கூடாது என்பது அவர்களுடைய சாஸ்திரம். தண்ணீர் பம்பின் புல்லியைப் பையன் கையால் சுற்றிக் காது கொடுத்துக் கேட்டான். முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தான். பம்பின் அடியிலிருக்கும் சிறு துவாரத்தில் விரல் வைத்து, ஈரம் இருக்கிறதா என்று சோதித்தான். அந்தத் துவாரத்தில் தண்ணீர் கசிந்தால் உள்ளே இருக்கும் சீல் போய்விட்டது, பேரிங்கும் பின்னாலேயே போகும் என்று எனக்கு அவனே விளக்கினான். இது மிகச் சரியான சோதனை. பெல்ட்டு மாட்டியிருக்கும்போது அதன் இழுப்பில் பேரிங்கின் ஆட்டம் வெளியே தெரிவதில்லை.

புதிய பெல்ட்டை வாங்கப் பையன் ஓடினான். மதுரைக் கோச்சடையில் ஆலை வைத்திருக்கும் ஃபென்னர் போன்ற கம்பெனிகளின் பெல்ட்டுகள் முதுகில் அகலமும் நீளமும் அச்சிடப்பட்டு வருகின்றன. எழுத்து மங்கிப்போன பழைய பெல்ட்டைக் கடையில் நீட்டி ‘இதே மாதிரி’ என்று கேட்பதில் ஓர் அபாயம் உண்டு. ஓடிய பெல்ட்டு நீண்டுவிட்டிருக்கும்; அதன் அளவுக்கு வாங்கினால், டைனமோவைக் கடைசி வரை வெளியே இழுத்தாலும் இறுகாது.

இனித்தான் நான் பார்க்க வந்த காரியம். டைனமோவை வெளியே இழுக்கக் கடப்பாரை போன்ற ஒரு லீவரைக் கொடுத்தார்கள். அதை டைனமோவின் நடுவயிற்றில் கொடுத்து நெம்பினால் அலுமினிய உறை வெடித்துவிடும் என்பதால், முன்புறத்துக் கனமான பாகத்தில் அணை கொடுத்து, ஒரு கையால் நெம்பிக்கொண்டே மறு கையால் நட்டை முடுக்கினான் பையன். இரண்டு புல்லிகளுக்கு நடுவே நீண்ட பாகத்தில் பாய் தம் பெருவிரலை வைத்து அழுத்தினார். “இன்னும் கொஞ்சம்.” மறுபடி அழுத்தினார். “ஜாஸ்தி, ஜாஸ்தி, விடு.” மூன்றாம் தரம் ஒன்றும் சொல்லாமல் தலையை அசைத்தார். நான் அளந்து பார்த்தேன்; ஏறக்குறைய அரை அங்குலம் இறங்கியது. புத்தகங்களில் போட்டிருக்கும் கணக்கும் அதுவேதான். தளர்வாக விட்டால் வழுக்கிக் கத்தும். அதிகமாக இறுக்கினால் சத்தமே வராது, டிரைவர் சந்தோஷமாகப் போவார், சில மாதங்களில் டைனமோவின் பேரிங்கும் தண்ணீர் பம்பின் பேரிங்கும் சேர்ந்து போய்விடும். சத்தமில்லாமல் செய்யும் இந்தத் தீங்குதான் இரண்டிலும் கொடியது என்பது பாயின் கட்சி, என்னுடைய கட்சியும் அதுவே.

அதோடு முடியவில்லை. எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தி, மறுபடி பெருவிரல் வைத்துப் பார்த்து, ஒரு நூல் அளவு இறுக்கினார்கள். புதுப் பெல்ட்டு முதல் ஓட்டத்திலேயே குழியில் உட்கார்ந்து சற்றுத் தொய்வது இயற்கை. “நாளைக்கு லோடு இறக்கிட்டு அப்டியே வா, இன்னொரு தபா பாத்துடறேன்” என்று டிரைவரிடம் சொன்னார்.

இந்தப் பெருவிரலுக்கு இனி எத்தனை காலம் வேலை இருக்கும் என்பது வேறு விஷயம். 1979-இல் ஃபோர்டு மஸ்டாங் காரில், பல வரிகள் ஓடிய தட்டையான ஒரே நீண்ட பெல்ட்டு எல்லாப் புல்லிகளையும் பாம்பு போல் வளைந்து சுற்றி ஓட்டும் முறை வந்தது. இன்றைய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் அதுதான். அதை இறுக்கிப் பிடிக்க ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் உண்டு. மனித விரலின் அபிப்பிராயம் அங்கே கேட்கப்படுவதில்லை. அந்தப் பெல்ட்டுகளின் புதிய ரப்பர் வெடித்துக் காட்டுவதுமில்லை. டயரைப் போல் சத்தமின்றித் தேய்ந்தே போகிறது. மின்சார வண்டியிலோ, இவ்விதம் எஞ்சினின் முகத்தில் ஓடும் பெல்ட்டே கிடையாது. பாய் இதையெல்லாம் அறியாதவர் அல்லர். பையனை அண்ணா சாலைக்கு அப்பாலுள்ள ஓர் எலெக்ட்ரிக் ஒர்க்ஷாப்புக்கு மாலை நேரத்தில் அனுப்புவதாகச் சொன்னார்.

கணக்குத் தீர்க்கும் சமயத்தில் வண்டியின் முதலாளி போனில் வந்தார். பெல்ட்டின் விலையை அவர் மறு பேச்சின்றி ஒப்புக்கொண்டார். கூலியைக் கேட்டதும், “ஒரு வாஷர் போட்டதுக்கா இவ்ளோ?” என்ற குரல் எனக்கே கேட்டது. பாய் வாதாடவில்லை, ஐம்பது ரூபாயைக் குறைத்துக்கொண்டு பேச்சை முடித்தார். இதற்கு முன் மூன்று பெல்ட்டுகளுக்கும் மூன்று கூலிகளுக்கும் பணம் கொடுத்த அதே முதலாளி, ஐந்தாவது பெல்ட்டு வேண்டியிராதபடி செய்தவரிடம் பேரம் பேசினார். இது அந்த ஒரு மனிதரின் குணம் மட்டுமல்ல. சாமானுக்கு விலை கொடுக்கவும் யோசனைக்குக் கொடுக்காமலிருக்கவும் நாம் எல்லோருமே பழகியிருக்கிறோம்.

பழைய வண்டி வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பெல்ட்டு அடிக்கடி போனால் புதுப் பெல்ட்டு கேட்காதீர்கள். நூல் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், பார்த்தவருக்கு அவர் கேட்கும் கூலியைக் கொடுங்கள். கழற்றிய பெல்ட்டில் வெடிப்பில்லையானால் அதை எறிந்துவிடாமல், ஒரு பதினான்கு-பதினைந்து ஸ்பேனரோடு சேர்த்து சீட்டுக்குப் பின்னால் போட்டு வையுங்கள்.