கவ்வாத்துக் கத்தி

சிலர் தபால்தலை சேர்ப்பர். சிலர் நாணயம் சேர்ப்பர். எனக்கோ கத்திகளின்மேல் மோகம். கல்லூரி ஆசிரியனுக்கு இது என்ன விபரீத ஆசை என்று என் மனைவி ஆதியில் அஞ்சினாள். இப்போது அலமாரியைத் துடைக்கும்போது அவற்றையும் சேர்த்துத் துடைத்து வைக்கிறாள்.

பேராதனையில் என்னோடு பயின்ற யாழ்ப்பாண நண்பர் ஒருவர் பாரிஸ் நகரில் வாழ்கிறார். ஊருக்கு வரும்போதெல்லாம் எனக்கென ஒரு மடக்குக் கத்தி கொண்டு வருவார். முதலில் வந்தது ஒபினெல். பிரான்ஸ் தேசத்துச் சவோய் மலைநாட்டிலே, ஜோசப் ஒபினெல் என்பார் 1890இல் செய்யத் தொடங்கிய எளிய கத்தி அது. இன்று ஆலையில் உருவாகிறது. அடுத்து வந்ததோ கையால் அடித்த பழங்கத்தி. திராட்சைக் கொடி கழிப்பதற்கானது; ‘செர்பெத்’ என்பது அதன் பெயர். கிளிமூக்குப்போல் வளைந்த அதன் அலகிலே, செய்தவரின் முத்திரையும் தியேர் என்னும் ஊரின் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. அந்நாட்டுக் கத்தித் தொழிலுக்குத் தலைநகர் போன்றது தியேர். முற்காலத்தில் அவ்வூர்த் தொழிலாளர், ஆற்று நீரின் விசையால் சுழலும் சாணைக்கல்லின்மேல், பலகையில் குப்புறப் படுத்தபடியே அலகு தீட்டினர். குளிர் தாக்காதிருக்க, அவர்களுடைய கால்களின்மேல் நாய்கள் படுத்துக் கிடக்குமாம்!

நம் நாட்டுக் கத்திகளையும் தேடலானேன். கண்டி அரசின் பிரதானிகள் எழுத்தாணியோடு இடையில் செருகிய ‘பிஹா கெட்ட’ என்னும் கத்தியை அரும்பொருட்சாலையிற் கண்டு வியந்தேன். வெள்ளியும் பித்தளையும் பதித்த அதன் வேலைப்பாடு கண்ணைப் பறித்தது. அத்தகைய கம்மியரின் வாழ்வையும் தொழிலையும் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி ஆராய்ந்து, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தம் பெருநூலில் 1908இல் பதிந்து வைத்தார். இல்லையேல் எவ்வளவோ மறைந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து லயத்திலிருந்து ஹட்டனுக்கு என்னைப் பார்க்க வந்த தந்தையாரிடம் அந்தச் செர்பெத்தை நீட்டினேன். விரலால் கூரைத் தடவிப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

“இது நம்ம கவ்வாத்துக் கத்திதானே, தம்பி! மடங்குது, அவ்வளவுதான்.”

அடுத்த முறை அவர் வந்தபோது, பழைய சாக்கில் சுற்றிய பொருளொன்றைக் கொண்டுவந்தார். என் பாட்டனாரின் கவ்வாத்துக் கத்தி! 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கென எண்ணப்பட்டார்கள். அவர்களுள் ஒருவராக எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறியபோது, பாட்டனார் மகனிடம் விட்டுச்சென்றது அதுதான்.

அக்கத்தியை நான் சிறுவயதில் நாள்தோறும் கண்டவன். ஆனால், பள்ளிக்கூடத்துப் படிவத்தில் தந்தையின் தொழில் கேட்கப்பட்டபோது, ‘தோட்ட உத்தியோகம்’ என்றே எழுதினேன். கவ்வாத்து வெட்டுகிறார் என்று எழுதக் கை கூசியது.

உயர்நிலத் தோட்டங்களில் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் கழித்துவிடுவார்கள். வெட்டு ஒரே வீச்சில், சாய்வாக, வழுவழுப்பாக விழவேண்டும். பிசிறினால் நீர் தங்கும், கிளை உளுக்கும், பின்னர்க் கொழுந்து குறையும். ஒரு செடியின் வருங்காலமே அந்த ஒரு வெட்டில் இருக்கிறது. இதனைத் தந்தையார் சொல்ல, அன்றுதான் நான் கேட்டேன். தேயிலையைப் பற்றி மாணவருக்குப் பாடம் நடத்தும் நான்!

பாட்டனாரின் கத்தியில் மூன்று புள்ளிகள் குத்தியிருந்தன. அவற்றைப் பின்பற்றி, டிக்கோயாப் பக்கம் ஒரு பழைய உலைக்களத்துக்குத் தந்தையாரும் நானும் சென்றோம். எழுபது கடந்த ஆசாரியார் அலகை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவர் குரல் தழுதழுத்தது.

“இது எங்க அப்பா போட்ட புள்ளி, மாஸ்டர். லொறி வில்தகட்டிலே அடிச்சது. இப்போ கவ்வாத்துக்கு மெஷின் வந்திட்டுது. எனக்குக் கதவுக் கொண்டி அடிக்கிற வேலைதான்.”

கத்தியைத் தீட்டித் தருவதாக அவர் கை நீட்டினார். நான் மறுத்தேன். பழம்பொருளின் துருவும் பழமையும் கெடலாகாது என்பது சேகரிப்போர் விதியன்றோ?

தந்தையார் என்னைப் பார்த்தார். “கூர் இல்லாத கத்தியை உங்க தாத்தா ஒரு இராத்திரிகூட வீட்டிலே வைச்சதில்லை” என்றார்.

நான் கத்தியைக் கொடுத்துவிட்டேன். சாணைக்கல்லில் துரு கரைந்தோடி, நீலம் பாய்ந்த எஃகு மெல்ல வெளிவந்தது. களத்தருகே நின்ற கொய்யா மரத்தில் தந்தையார் ஒரு சிறு கிளையை வெட்டினார். ஒரே வெட்டு, சாய்வான, வழுவழுப்பான வெட்டு. தம் தந்தையின் வேலை தேறிவிட்டது என்பதுபோல் ஆசாரியார் தலையசைத்தார்.

என் சேகரிப்புக் குறிப்பேட்டில், பிரெஞ்சுக் கத்திகளுக்கு எதிரே ஊரும் முத்திரையும் எழுதியிருக்கிறேன். அன்றிரவு அந்த ஆசாரியாரின் தந்தை பெயரையும், அதன் கீழே என் பாட்டனார் பெயரையும் எழுதினேன். இன்று அந்தப் பள்ளிப் படிவம் கையில் கிடைத்தால், தந்தையின் தொழிலையும் திருத்தி எழுதுவேன்.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பழைய கத்தியோ அரிவாளோ கிடக்கும். அதைச் செய்தவர் யார், பிடித்தவர் யார் என்று பெரியவர்களைக் கேளுங்கள். கேட்டதை அன்றே எழுதி வையுங்கள்.