பாதி கட்டிய கூடு

"அப்பா, நான் அனிமல் பிஹேவியர் படிக்கப் போறேன்."

போன வருஷம் ஜூலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மகள் இப்படி ஆரம்பித்தாள். வெளியே செம்பூரே மிதக்கிற மாதிரி மழை. அவள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. என் காதில் 'அனிமல்' மட்டும்தான் விழுந்தது.

"வெட்னரி டாக்டரா? நல்லதுதானே."

"இல்லப்பா. வைத்தியம் பாக்குறது இல்ல. ஒரு பிராணி ஏன் அப்படி நடந்துக்குதுன்னு பாக்குறது."

"பாத்து?"

"எழுதி வைக்கிறது."

"எழுதி வச்சு?"

அவள் பதில் சொல்லவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். நான் கேட்ட தொனி எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் அது என் தொழில் தொனி. வங்கியில் கல்விக் கடன் ஃபைல் பார்க்கிறவன் நான். ஒரு பையன் விண்ணப்பத்தோடு வந்தால், எந்தக் காலேஜ், என்ன கோர்ஸ், முடித்தால் என்ன சம்பளம் என்று மூன்று கேள்வி கேட்ட பிறகுதான் பேனாவைத் திறப்பேன். அதே மூன்று கேள்வி வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கும் வந்துவிட்டது.

விஷயம் வெளியே பரவ அதிக நாள் ஆகவில்லை. செடா நகர் முருகன் கோயிலில் ஒரு மாமி, "பாவம், மெடிக்கல் கிடைக்கலையா?" என்று துக்கம் விசாரித்தார். மாட்டுங்காவில் காய்கறி வாங்கப் போன இடத்தில் ஒரு நண்பர், "சி.ஏ. போடுங்க சார், நீங்களே சொல்லிக் குடுக்கலாம்" என்றார். தாராவியில் இருக்கும் பெரியப்பாதான் நேரடியாகக் கேட்டார். நான் திருநெல்வேலியிலிருந்து பி.காம். சான்றிதழோடு வந்து இறங்கியபோது எனக்குப் பாய் விரித்தவர் அவர். தோல் கம்பெனியில் முப்பது வருஷம் உழைத்த மனுஷன். "ஏலே, புள்ளய படிக்க வைக்கது சரிதான். அது சோறு போடுமாலே?"

சரி, யாரோ ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்கிற விசாரணையை என் மகளுக்காகவும் செய்து பார்ப்போமே என்று உட்கார்ந்தேன்.

முதலில் அது என்ன படிப்பு என்று தெரிய வேண்டுமே. மகளே பாடம் எடுத்தாள். மார்ச் வந்தால் எங்கள் பில்டிங் பின்னால் குயில் கூவுகிறது. ஏன் கூவுகிறது? இந்த ஒரு 'ஏன்'னுக்குள் நாலு கேள்வி இருக்கிறதாம். உடம்புக்குள் என்ன மாறுவதால் அது இப்போது கூவுகிறது? காக்கா கூட்டில் வளர்ந்தும் குயிலின் பாட்டு அதற்கு எப்படி வந்தது? கூவுவதால் அதற்கு என்ன லாபம்? இந்தப் பழக்கம் அதன் மூதாதைகளிடமிருந்து எப்படி மாறி மாறி இதுவரை வந்தது? 1963இல் இப்படிப் பிரித்துக் கேட்கச் சொன்னவர் நிக்கோ டின்பெர்கன். 1973இல் அவருக்கும், கொன்ராட் லோரன்சுக்கும், தேனீயின் நடனத்தில் திசையும் தூரமும் இருப்பதைக் கண்டுபிடித்த கார்ல் வான் ஃபிரிஷுக்கும் சேர்த்து மருத்துவ நோபல் கொடுத்தார்கள். பார்த்து எழுதி வைத்தவர்களுக்கு நோபல்! எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.

நாலில் மூன்றாவது கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. என்ன லாபம், என்ன நஷ்டம்? அட, இது நம்ம ஏரியா ஆயிற்றே! சென்னையில் பிறந்த ராமன் சுகுமார், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் யானைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். சத்தியமங்கலம், பிளிகிரிரங்கன் மலைப் பக்கம் அலைந்து, வயலில் இறங்கி ராகி தின்பதில் பெண் யானைகளைவிட வளர்ந்த ஆண் யானைகள்தான் அதிகம் என்று கணக்கெடுத்தார். 1988இல் மாதவ் காட்கிலோடு சேர்ந்து அவர் எழுதியதன் சாரம் இது: வயலில் சத்தான தீனி கிடைக்கும், உயிருக்கு ஆபத்தும் உண்டு. உடம்பு தேறினால் ஆண் யானைக்குத் துணை கிடைக்கும் வாய்ப்பு கூடும். அதனால் அது துணிகிறது. குட்டிகளோடு போகும் பெண் யானைக்கு அந்த ரிஸ்க் கட்டுப்படியாகாது. எங்கள் பயிற்சி வகுப்பில் ரிஸ்க், ரிட்டர்ன் என்று மூன்று நாள் ஏ.சி. ரூமில் சொல்லிக் கொடுத்ததை யானை ஒரே ராத்திரியில் செய்து காட்டிவிடுகிறது.

அடுத்து நான் படித்தது நம் பம்பாய்க்காரர் ஒருவரைப் பற்றி. சாலிம் அலி. பறவை மனிதர் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் இங்கே ஒரு வணிகக் கல்லூரியில் வணிகச் சட்டமும் கணக்குப்பதிவும் படித்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நம்ம ஜாதி! கூடவே சேவியர் கல்லூரியில் விலங்கியலும் படித்தார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்பதால் விலங்கியல் துறை வேலை ஒன்று கைநழுவிப் போனது. 1926இல் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் வேலை கிடைத்தது. லீவு போட்டு ஜெர்மனி போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு 1930இல் திரும்பினால், நிதி இல்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

வேலை போன மனுஷன் மனைவி தெஹ்மினாவோடு கடலுக்கு அந்தப் பக்கம், அலிபாக் அருகே கிஹீம் கிராமத்துக்குப் போய்விட்டார். அங்கே உட்கார்ந்து அவர் பார்த்து எழுதியது நம்ம ஊர் தூக்கணாங்குருவியை.

இதைப் படித்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் கிணற்றங்கரைப் பனைகளில் வரிசையாகத் தொங்கும். முழுக் கூடுகளுக்கு நடுவே அடிப்பக்கம் திறந்த பாதிக் கூடுகளும் நிறைய இருக்கும். "சோம்பேறிக் குருவி, பாதியில விட்டுட்டுப் போயிருச்சு" என்பார் பெரியப்பா. கூட்டுக்குள் மின்மினியைக் களிமண்ணில் ஒட்டி விளக்கு வைத்திருக்கும் என்றும் சொல்வார். இரண்டையும் நாற்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

கிஹீமில் சாலிம் அலி கண்டது வேறு. கூடு கட்டுவது ஆண் மட்டும். முழுக் கூட்டுக்கு ஏறக்குறைய 18 நாள் ஆகும் என்கிறார்கள். எட்டு நாளில் நாடா வைத்த ஹெல்மெட் மாதிரி ஒரு உருவம் வரும்போது ஆண் நிறுத்திக்கொண்டு சிறகடித்துக் கூப்பிடும். பெண் வந்து உள்ளே புகுந்து சோதனை போடும். பிடித்தால் தங்கும். அதற்குப் பிறகுதான் ஆண் மீதியைக் கட்டி, கீழே குழாய் வைத்து முடிக்கும். பிடிக்காத கூடு பாதியிலேயே நின்றுபோகும். சோம்பேறித்தனம் இல்லை, நிராகரிப்பு! குடும்பம் அமைந்ததும் ஆண் அடுத்த கூட்டை ஆரம்பித்து அடுத்த பெண்ணைத் தேடும். (இந்த இடத்தில் என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை.)

நான் சிரித்துவிட்டேன். செம்பூரில் பில்டர் நாலு மாடி எழுப்பியதும் புக்கிங் திறக்கிறான். ஜனங்கள் தலையில் ஹெல்மெட்டோடு சுற்றிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கிறார்கள். நாங்களும் ஒவ்வொரு தளத்தையும் பார்த்துப் பார்த்துத்தான் வீட்டுக் கடனைத் தவணை தவணையாக விடுவிக்கிறோம்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, மகளைக் கூட்டிக்கொண்டு பாவுச்சா தக்காவிலிருந்து ரோ-ரோ கப்பலில் மாண்ட்வா போய், அங்கிருந்து ஆட்டோவில் கிஹீம் பக்கம் போனோம். வயலோரக் கிணற்றின் மேல் சாய்ந்த ஒரு முள்மரத்தில் கூடுகள் கிடைத்தன. ஒரே குடைக்குள் இருவரும் நின்றோம். அவள் நோட்டில் கோடு போட்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எந்தக் கூட்டில் என்ன நடந்தது என்று எழுதினாள். முதல் அரை மணியில் எனக்கு இடுப்பு விட்டுப்போனது. மணி பார்த்தேன், போன் பார்த்தேன். அவள் அசையவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு பெண் குருவி வந்தது. மஞ்சள் தலை ஆண்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கத்தத் தொடங்கின. அது ஒரு பாதிக் கூட்டுக்குள் போய் ஒரு நாரை அலகால் இழுத்துப் பார்த்துவிட்டுப் பறந்துபோனது. அந்த ஆண் கொஞ்ச நேரம் சும்மா தொங்கியது. பிறகு ஒரு நார் கொண்டுவரப் போய்விட்டது. மகள் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். மகளை அவ்வளவு நேரம் ஒரே இடத்தில், அலைபேசி இல்லாமல், சந்தோஷமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கீழே விழுந்து கிடந்த பழைய கூட்டை எடுத்துப் பார்த்தோம். உள்ளே காய்ந்த மண் உருண்டைகள் இருந்தன. மின்மினி இல்லை.

கப்பலில் திரும்பும்போது அவள் இன்னொன்று சொன்னாள். சாலிம் அலி விட்ட இடத்திலிருந்து பிறகு ஆராய்ந்தவர்கள், பெண் குருவி கூட்டின் வேலைப்பாட்டைவிடக் கூடு தொங்கும் இடத்துக்குத்தான் அதிக மதிப்புக் கொடுக்கிறது என்று கண்டிருக்கிறார்களாம். மும்பைக்காரனுக்கு இதைச் சொல்லியா தர வேண்டும்!

உணர்ச்சி வசப்பட்டுக் கடன் கொடுக்கக் கூடாது. அதனால் கணக்கையும் எழுதிவிடுகிறேன், உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குழந்தை இருக்கலாம். ஐசர் கல்லூரிகள் ஏழு இருக்கின்றன: புனே, கொல்கத்தா, மொஹாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர். ஐந்து வருஷத்தில் பி.எஸ்., எம்.எஸ். சேர்ந்தே முடியும். சாதாரண பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூரு என்.சி.பி.எஸ்., நம் மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரி என்று முதுகலைக்கு வழிகள் உண்டு. பிஎச்.டி.க்குத் தகுதித் தேர்வு எழுதி ஃபெலோஷிப் வாங்கினால், 2023 ஜனவரி முதல் உள்ள கணக்குப்படி, முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. கல்விக் கடனுக்குப் பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கிடையாது. அதாவது தவணையும் ஃபெலோஷிப்பும் கிட்டத்தட்ட ஒன்றாக ஆரம்பிக்கும். சமாளிக்கலாம்.

நஷ்டப் பக்கமும் உண்டு. ஐந்தும் ஐந்தும் பத்து வருஷம். பேராசிரியர் இடங்கள் குறைவு, போட்டி அதிகம். ப்ராஜெக்ட் வேலைகள் பெரும்பாலும் வருஷக் கணக்கு ஒப்பந்தம். இங்கே ஃபோர்ட்டில் 1883 முதல் இருக்கும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், மைசூரில் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. இந்திய வனப் பணித் தேர்வை விலங்கியல் பட்டதாரி எழுதலாம். ஆனால் கேம்பஸில் கம்பெனி வந்து அள்ளிக்கொண்டு போகிற படிப்பு இல்லை இது. என் விசாரணையில் எனக்குத் தெம்பு கொடுத்தது எங்கள் மாவட்டத்து நாங்குநேரிக்காரர் ஏ.ஜே.டி. ஜான்சிங். சிவகாசியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தவர், 1970களின் பிற்பாதியில் பந்திப்பூரில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். பிறகு டேராடூனில் ஒரு தலைமுறையையே உருவாக்கினார். 2024இல் காலமானார். பக்கத்து ஊர்க்காரரை எனக்கு மகள் சொல்லித்தான் தெரியும்.

இந்த ஜூனில் அவள் ஐசர் நுழைவுத் தேர்வு எழுதினாள். இடம் கிடைத்தது. சொந்த மகளின் ஃபைலில் நானே கையெழுத்துப் போட முடியாது, அதனால் வேறு கிளைக்குப் போனோம். மேஜைக்கு அந்தப் பக்கம் என் வயதில் பாதி இருக்கும் ஒரு மராட்டிப் பெண். ஃபைலைப் புரட்டிவிட்டு, "சார், நோக்ரி கா ஸ்கோப் க்யா ஹை?" என்றார். எத்தனை அப்பாக்களை இதே கேள்வியால் நெளிய வைத்திருக்கிறேன்! பத்து வருஷத்துக்கான கணக்கைச் சொன்னேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். "முழுசாகக் கட்டி முடித்த பிறகுதான் சரி சொல்வேன் என்றால் நடக்காதும்மா" என்று ஹிந்தியில் எப்படிச் சொல்வது என்று யோசித்துவிட்டு, இணைக் கடனாளி என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அன்றைக்கு சாயங்காலம் பெரியப்பாவைப் பார்க்கத் தாராவி போனோம். கிஹீம் கதையைச் சொன்னேன். சோறு போடுமா என்று இந்தத் தடவை அவர் கேட்கவில்லை. மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "அந்தக் கூட்டுக்குள்ள வெளக்கு இருந்துச்சாளா?" என்றார்.

"மண்ணு மட்டும்தான் தாத்தா. மின்மினி இல்ல."

அவர் முகம் லேசாக வாடியது. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.

"வெளக்கு வைக்காதுன்னா, பெறகு எதுக்கு மெனக்கெட்டு மண்ணக் கொண்டாந்து ஒட்டுது?"

"காத்துல ஆடாம இருக்க பாரம்னு சொல்றாங்க தாத்தா. எனக்கு அது பத்தல. இன்னும் பாக்கணும்."

"பாரு, பாரு" என்றார் பெரியப்பா. "பாத்துட்டு எனக்கும் எழுதிப் போடு."