வெட்டப்பட்டிருந்த பச்சை வயர்

பேசாலையில் எங்கட வளவுக்குள் அப்பப்பாவின் பழைய லாண்ட்ரோவர் நிக்குது. சீரிஸ் டூ ஏ, டீசல். போன விடுமுறையில் மச்சாளும் தம்பியுமாக மூன்று பேர் அதுக்குப் புது வயரிங் செய்ய இறங்கினோம். "கலைப்பீடத்தில படிக்கிறதுகளுக்கு கரண்ட் வேலையா?" எண்டு வீட்டில் ஒரே சிரிப்பு.

முதலில் நிறங்களைப் படித்தோம். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வாகனங்களில் பழுப்பு வயர் பற்றரியிலிருந்து நேரே வரும். சாவி போட்டால் உயிர் வருவது வெள்ளை. முன்லைற்றுக்கு நீலம், பிரேக் லைற்றுக்கு ஊதாக்கோடு போட்ட பச்சை, எர்த்துக்குக் கறுப்பு. முழு வாகனத்துக்கும் இரண்டே இரண்டு பியூஸ். முன்லைற்றுக்கு அதுவும் இல்லை.

மன்னார்க் காற்றில் உப்பு. லாண்ட்ரோவரின் உடம்பு அலுமினியம், சேசி இரும்பு. இரண்டும் முட்டுற இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கொட்டும். லைற்றுக்குப் போன கரண்ட் இந்த உடம்பு வழியாகத்தான் பற்றரிக்குத் திரும்ப வேணும். பாதை அரிச்சால் புது பல்ப் போட்டாலும் மின்மினிதான். அதனால ஒவ்வொரு லைற்றிலிருந்தும் தனிக் கறுப்பு வயர் இழுத்தோம். முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வாசலின் பூசினோம். எட்டு பியூஸ் பெட்டி ஒன்றும் பூட்டினோம்.

பின்பக்கம் வந்தபோதுதான் ஒன்று விளங்கவில்லை. பச்சை வயர் அரிச்சு அறுந்திருக்கவில்லை. நேராக வெட்டி, இரண்டு முனையிலும் ரேப் சுத்தியிருந்தது. முன்னால நீலமும் அப்படித்தான்.

"எந்த பாஸ் செய்த வேலை இது?" எண்டு தம்பி கேட்டான்.

"நான்தான் வெட்டினேன்" எண்டார் அப்பப்பா.

1990இல் குடும்பம் தீவை விட்டு மடுப் பக்கம் இடம்பெயர்ந்தது. பற்றரி தடைசெய்யப்பட்ட காலம். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை, தள்ளி ஒருக்கா உருட்டினால் கரண்ட் இல்லாமலே ஓடும். இரவில் நோயாளிகளை ஏத்திக்கொண்டு நிலவு வெளிச்சத்தில் ஓடியிருக்கிறார்.

"முன்லைற்றைப் போடாம விடலாம். ஆனா கால் தன்பாட்டுக்குப் பிரேக்கை அமத்திடுமே. பின்னால சிவப்பு எரிஞ்சா மேல ஹெலிக்குத் தெரியும்."

நாங்கள் துருப்பிடித்த வாகனம் எண்டு நினைத்துத்தான் தொடங்கினோம்.

வேலை முடிந்த இரவு அப்பப்பா பின்னால போய் நின்றார். "அமத்துங்க." மதில் சிவந்தது. "இன்னொருக்கா." திரும்பவும் சிவந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றவர், "அதுக்குத் தனியா ஒரு சுவிட்ச் வையுங்க, நூக்கிறதுக்கு" எண்டார்.

"இனி என்னத்துக்கு அப்பப்பா?"

"இருக்கட்டும்."

பிரேக் லைற்றை நூக்கிற சுவிட்ச் ஆபத்து எண்டு எங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அண்டிரவு முழுக்க வாக்குவாதப்பட்டோம். விடிய, டாஷ்போட்டுக்கு அடியில், கை தவறிப் படாத இடமாகப் பார்த்துப் பூட்டினோம். இதுவரை அதை ஒருத்தரும் தொடவில்லை.