தீர்வைன்னா என்னக்கா?

பிளேஸ்மென்ட் சீசனில் நீங்க எல்லாரும் பண்ணினதைத்தான் நானும் பண்ணினேன். வெர்பல் எபிலிட்டிக்காக போனில் ஒரு ஃப்ளாஷ் கார்டு ஆப் இறக்கி, காலேஜ் பஸ்ஸில் தினமும் 30 வார்த்தை. இந்தப் பக்கம் இங்கிலீஷ் வார்த்தை, திருப்பினால் அர்த்தம். ஆறு மாதத்தில் ஆயிரத்துச் சொச்சம் வார்த்தை தெரியும் என்று அந்த ஆப் எனக்குக் கைதட்டியது. இப்போ 'ஆப்ஃபஸ்கேட்' என்றால் என்னன்னு கேளுங்க. ஏதோ குழப்பம் சம்பந்தப்பட்டது, அவ்வளவுதான் ஞாபகம். வேலை கிடைச்சாச்சு, வார்த்தை போயாச்சு.

இதை ஏன் சொல்றேன்னா, போன செமஸ்டர் லீவில் இதே வித்தையை எட்டுப் பிள்ளைகள் மேல் பிரயோகம் பண்ணிப் பார்த்தேன்.

எங்க ஊர் விக்கிரமசிங்கபுரம். முழுசா யாரும் சொல்ல மாட்டோம், வி.கே.புரம்தான். மேற்கே பார்த்தால் மலை, அங்கே பாபநாசம், நடுவில் மில், ஓரத்தில் தாமிரபரணி. அம்மா வீட்டில் டியூஷன் எடுக்கிறாள். அந்த லீவில் சித்திக்குப் பிரசவம் என்று அம்மா தென்காசிக்குப் போயிட்டாள். "ஒரு மாசம் நீ பாத்துக்கோட்டி" என்று பிள்ளைகளை என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். ஒன்பதாவதும் பத்தாவதும் கலந்து எட்டுப் பேர். கணக்கு, சயின்ஸ் எனக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை தமிழ்.

ஏன்னா நான் படிச்சது இங்கிலீஷ் மீடியம், அதுவும் வேற போர்டு. வகுப்பில் தமிழில் பேசினால் ஃபைன் போடுகிற பள்ளிக்கூடம். தமிழ் என்றால் பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் திறக்கிற புத்தகம். இதோ இந்தக் கட்டுரையையே டைப் பண்ணி, நம்ம எடிட்டர் குழு மூணு தடவை ஒற்று திருத்தின பிறகுதான் நீங்க படிக்கிறீங்க.

பத்தாவது தமிழ்ப் புத்தகத்தில் கி. ராஜநாராயணனின் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலிலிருந்து ஒரு பகுதி பாடமாக இருக்கு. 1991-ல் சாகித்ய அகாதமி வாங்கின நாவல். பாடத்தோடு ஒரு கட்டம், அதில் கரிசல் வட்டாரச் சொற்களும் அர்த்தமும். பாச்சல் என்றால் பாத்தி. பதனம் என்றால் கவனமாக. வரத்துக்காரன் என்றால் புதியவன். தொலவட்டையில் என்றால் தொலைவில். பார்த்ததும் எனக்கு ஒரே குஷி. இது ஃப்ளாஷ் கார்டுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கேன்னு பழைய ரெக்கார்டு நோட்டு அட்டையை வெட்டி, எழுதி, ரெண்டு நாளில் எட்டுப் பேருக்கும் மனப்பாடம் பண்ண வைத்தேன். நூத்துக்கு நூறு.

மூணாம் நாள் வாக்கியத்தில் அமைச்சு எழுதச் சொன்னேன். ஒருத்தன் எழுதினான்: 'ஆசிரியர் பாடத்தைப் பதனம் நடத்தினார்.' இன்னொருத்தி: 'என் நண்பன் வரத்துக்காரனாக ஓடி வந்தான்.' நான் சிரிச்சேன். அப்புறம் யோசிச்சுப் பார்த்தால், ஆப்ஃபஸ்கேட்டை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தால் நானும் இதே லட்சணத்தில்தான் எழுதியிருப்பேன்.

வார்த்தையைத் தனியாப் பிடுங்கிக் கொடுத்தால் நிற்காது போல, முழுசா ஒரு கதையோடு கொடுத்துப் பார்ப்போம் என்று அம்மாவின் அலமாரியைக் குடைந்தேன். அதே கி.ரா.வின் சிறுகதைத் தொகுப்பு அகப்பட்டது. அவர் யார்னு தெரியாதவங்களுக்கு: கோவில்பட்டி பக்கத்தில் இடைசெவல்காரர். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத ஒரு விவசாயி. ஆனால் கரிசல் மக்கள் பேசுகிற சொற்களைத் திரட்டி ஒரு அகராதியே போட்டவர். 2021 மே மாதம் இறந்தபோது அரசு மரியாதையோடு சொந்த ஊரில் அடக்கம் செஞ்சாங்க. நான் அன்னைக்கு ஸ்டேட்டஸில்தான் அவர் பெயரையே முதல் தடவை பார்த்தேன்.

தொகுப்பில் 'கதவு' கதையை எடுத்தேன். காரணம் இலக்கிய ரசனை இல்லை, பக்கம் குறைவு. அப்படியும் படிச்சு முடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு.

கதை இதுதான். ஒரு ஏழை வீடு. அந்த வீட்டுக் கதவுதான் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான். அதில் தொங்கிக்கொண்டு ஆட்டினால் அது பஸ். தீப்பெட்டிப் படம் கிடைத்தால் அதில்தான் ஒட்டுவார்கள். வீட்டில் தீர்வை பாக்கி. தலையாரி வந்து கேட்கிறான். கட்ட வழியில்லை. ஒரு நாள் ஆட்கள் வந்து அந்தக் கதவையே கழற்றித் தூக்கிக்கொண்டு போயிடுறாங்க. அதுக்குப் பிறகு பனிக்காலம் வருகிறது, கதவில்லாத வீட்டுக்குள். மிச்சத்தை நீங்களே படிச்சுக்கோங்க. நான் சொன்னால் கெட்டுப்போகும்.

மறுநாள் சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தேன். ரெண்டு பாராவுக்குள் பிள்ளைகள் நெளிந்தார்கள். பத்தாவது படிக்கிற ஒரு பொண்ணு, "எக்கா, நான் வாசிக்கட்டா? நீங்க திக்குதிய" என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். அவமானம்தான், ஆனால் நல்லதாப் போச்சு. அவள் வாசித்தபோது கதை ஓடியது.

'தீர்வை' வந்த இடத்தில் ஒன்பதாவது பையன் ஒருத்தன் கையைத் தூக்கினான்.

"தீர்வைன்னா என்னக்கா?"

நான் முந்தின நாளே அகராதி பார்த்து வைத்திருந்தேன். "வரி" என்றேன் பெருமையாக. எழுதிக்கோங்க, தீர்வை சமம் வரி.

உள்ளே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆச்சி அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "ஏட்டி, இப்பத்தான் ஒனக்குத் தெரியுதாக்கும்? போன மாசம் தீர்வை ரசீது எங்கன்னு கேட்டதுக்கு, அப்படி ஒண்ணுமே கெடையாதுன்னு சொன்னேல்லா?"

சுருக்கென்று இருந்தது. நடந்தது இதுதான். வீட்டுக்கு வரி கட்டணும் என்று ஆச்சி ஒரு வாரமாக நச்சரித்தாள். நகராட்சி ஆபீஸ் போக சோம்பல், ஆன்லைனில் கட்டிட்டேன். அங்கே போட்டிருந்தது 'சொத்து வரி'. பி.டி.எஃப். போனில் இருந்தது. ஆச்சி வந்து "தீர்வை ரசீதக் குடு" என்றாள். நான் ஏதோ தனியா இன்னொரு வரி என்று நினைத்துக்கொண்டு, "தீர்வைன்னு எதுவும் இல்ல ஆச்சி, சொத்து வரிதான், கட்டியாச்சு" என்றேன். பேப்பரில் வேணும் என்றாள். "எதுக்கு ஆச்சி பேப்பர் வேஸ்ட்?" என்று எரிந்து விழுந்தேன். அவள் ஒண்ணும் பேசவில்லை, உள்ளே போயிட்டாள்.

இப்போ பிள்ளைகள் முன்னால் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கூடவே ஒரு தகரப்பெட்டி. அதில் நூல் கட்டிய ரசீதுகள், வருஷ வாரியாக. சிலது தொட்டால் உதிர்கிற மாதிரி. பிள்ளைகள் கிரிக்கெட் கார்டு பார்க்கிற மாதிரி கூடிவிட்டார்கள்.

"எதுக்கு ஆச்சி இவ்வளவு?" என்று அந்தப் பொண்ணு கேட்டாள்.

ஆச்சிக்கு அப்போ பத்து வயசாம். ரெண்டு வருஷம் விளைச்சல் இல்லை, அவளோட அப்பா தீர்வை கட்டவில்லை. ஒரு நாள் காலையில் ஆட்கள் வந்து வீட்டிலிருந்த பித்தளை அண்டாவை எடுத்துக்கொண்டு போயிட்டார்கள். அதுக்குப் பெயர் ஜப்தி. "அண்டா போனது கூடப் பெருசில்ல. தெருவே நின்னு பாத்துச்சு. எங்கம்மை ஒரு மாசம் ஆத்துக்குக் குளிக்க வரல." பிறகு பணம் கட்டி அண்டாவை மீட்டதும், அது ரொம்ப நாளைக்கு அடுப்பில் ஏறவே இல்லை என்பதும் ஆச்சி சொன்ன தகவல். ஏன் ஏறவில்லை என்று நான் கேட்கலை.

யோசிச்சுப் பாருங்க, இருபத்தோரு வருஷமா ஒரே வீட்டில் இருக்கோம். இந்தக் கதை எனக்குத் தெரியாது. நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஆனால் கேட்கிறதுக்கு அந்த வார்த்தை வேணும், அது என்கிட்ட இல்லை.

அதுக்கப்புறம் வகுப்பு என் கையில் இல்லை. ஒருத்தன், "எக்கா, ஸ்கூல் பேரணி பேனர்ல மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைன்னு போட்டிருந்தாவ, அதுவும் இதுவும் ஒண்ணா?" என்றான். ஒண்ணுதான். அரசாங்கம் இன்னும் அந்த வார்த்தையை விடலை, நான்தான் விட்டுட்டேன். தலையாரி யார் என்று கேட்டபோது, கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980-ல் எடுத்துவிட்டு வி.ஏ.ஓ. கொண்டு வந்ததையும், தலையாரியைத்தான் இப்போ கிராம உதவியாளர் என்கிறார்கள் என்பதையும் சொன்னேன். "வருமானச் சர்டிபிகேட் வாங்கப் போனப்ப வெளிய உக்காந்திருந்த அண்ணாச்சியா?" என்றாள் ஒருத்தி. அவரா கதவைத் தூக்குவார் என்று அவளால் நம்ப முடியவில்லை. அவர் ரொம்ப நல்லவராம், டீ வாங்கிக் கொடுத்தாராம்.

கதையில் இன்னொரு வார்த்தை இருக்கு. அதுக்கு எந்த அகராதியும் வேண்டாம் என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன். அந்த வீட்டு அப்பா ஊரில் இல்லை. மணிமுத்தாறுக்குக் கூலி வேலைக்குப் போய் மாதக் கணக்காகிறது, தகவல் இல்லை.

வாசித்துக்கொண்டிருந்த பொண்ணு நிறுத்தினாள். "எக்கா, இது நம்ம மணிமுத்தாறா?"

நம்ம மணிமுத்தாறுதான். வி.கே.புரத்திலிருந்து பைக்கில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஞாயிற்றுக்கிழமை அருவியில் குளிச்சு, மிளகாய்ப்பொடி போட்ட மாங்காய் தின்னுட்டு வருகிற இடம். மழைக்காலத்தில் பேப்பரில் பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று வரிசையாகப் போடுவார்களே, அந்த அணை. 1950-களின் கடைசியில், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது கட்டினது. கட்டினது யார் என்று நாங்க யாருமே யோசிச்சதில்லை. கரிசல் காட்டில் மழையில்லாமல் மண் சுமக்க வந்தவர்கள் எத்தனை பேரோ. எங்களுக்கு அது பிக்னிக். அந்தக் கதவில்லாத வீட்டுக்கு அது அப்பா போன ஊர்.

"அப்ப அவிய வரத்துக்காரவிய" என்றான், பதனத்தை வைத்து ஆசிரியரைப் படுத்தியவன். ஃப்ளாஷ் கார்டில் படித்த வார்த்தை. எப்படிடா என்றேன். "அணைக்கு நீர்வரத்துன்னு பேப்பர்ல போடுவாவல்லா. தண்ணி வந்தா வரத்து. ஆளு வந்தா வரத்துக்காரன்." எந்தக் கட்டத்திலும் அந்த விளக்கம் இல்லை. நானும் சொல்லிக் கொடுக்கவில்லை. இன்னொரு பிள்ளை தொலவட்டையைத் தன் ஆச்சி 'தொலவெட்டு' என்று சொல்வாள் என்றது. அந்தக் கட்டத்தில் இருந்த வார்த்தைகள் கோவில்பட்டிக்காரர்களுக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன். பாதி எங்க தெருவிலேயே கிடந்தது.

தீர்வைன்னா என்ன என்று முதலில் கேட்டானே அந்த ஒன்பதாவது பையன், அவன் மட்டும் ரொம்ப நேரம் பேசவில்லை. கடைசியில், "அவிய அப்பா திரும்ப வருவாராக்கா?" என்றான். அவனுடைய அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருக்கிறார் என்பது மற்ற பிள்ளைகளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. "போன் வந்து ரெண்டு மாசம் ஆச்சு" என்று அவனே சொன்னான், சும்மா தகவல் மாதிரி. கதையின் முடிவைச் சொல்லவா, அவன் அப்பாவைப் பற்றிப் பேசவா, ஒண்ணும் புரியலை. வெர்பல் எபிலிட்டி 92 பர்சன்டைல் எடுத்த எனக்கு ஒரு வார்த்தை வரலை. அந்தப் பொண்ணு புத்தகத்தை மூடாமல் அப்படியே அவன் பக்கம் நகர்த்தி, "மிச்சத்த நீ வாசில" என்றாள். அவன் எழுத்துக் கூட்டி, மெதுவா, கடைசி வரி வரைக்கும் வாசித்தான். யாரும் நெளியவில்லை.

அடுத்த நாளிலிருந்து ஃப்ளாஷ் கார்டு கிடையாது. தினம் ஒரு வார்த்தை வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டு வரணும் என்பதுதான் ஹோம்வொர்க். எட்டுப் பேர் வீட்டில் எட்டு விதமாக் கதை வரும், நேரம் ஓடிவிடும். அந்த மாதம் தமிழில் போர்ஷன் முடியவில்லை. அம்மா வந்து என்னைத் திட்டினாள், அது நியாயம்தான். இந்த முறையில் படிச்சால் மார்க் வருமா என்று கேட்டால் என்னிடம் உத்தரவாதம் கிடையாது. ஆனால் அந்த எட்டுப் பேரில் யாரிடம் இப்போ தீர்வைன்னு சொன்னாலும் அண்டாவில் ஆரம்பிப்பார்கள் என்பதற்கு நான் பொறுப்பு.

ஜூலையில் எனக்குச் சென்னையில் ஜாயினிங். அங்கே நான்தான் வரத்துக்காரி.

காலேஜ் திரும்புவதற்கு முந்தின நாள், மெயின் ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்குப் போய் அந்த பி.டி.எஃப்-ஐ பிரின்ட் எடுத்தேன். கலரா, பிளாக் அண்ட் ஒயிட்டா என்று கேட்டார் அண்ணாச்சி. கலர் என்றேன். ஆச்சியிடம் கொண்டு போய், "இந்தா ஆச்சி, தீர்வை ரசீது" என்று நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு மேலும் கீழுமாகப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"சீலக் காணமேட்டி?" என்றாள்.