ஞாயிறு திரும்பிய ஊர்

பொந்தியானைச் சுற்றிப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைதான் தோதான நாள். இதைக் குடும்பத்தோடு செய்து பார்க்கும் வசதி ஜொகூர்க்காரர்களுக்கு 2025 ஜனவரி 1ஆம் தேதிதான் திரும்பக் கிடைத்தது.

மற்ற மாநில வாசகர்களுக்கு இது விளங்காமல் போகலாம். 2014 ஜனவரியில் இருந்து பதினோரு ஆண்டுகள் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்தான். முஸ்லிம்கள் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு அவசரமில்லாமல் செல்ல வேண்டும் என்பது காரணம். சுல்தான் இப்ராஹிம் அப்போது அதை அறிவித்தார். அரசாங்க அலுவலகங்களும் பள்ளிகளும் ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்துவிடும். தனியார் நிறுவனங்கள் பல பழையபடி சனி ஞாயிறிலேயே இருந்துகொண்டன. சிங்கப்பூரும் அப்படியே. 2024 அக்டோபரில் பட்டத்திளவரசர் துங்கு இஸ்மாயில், வார விடுமுறை மறுபடியும் சனி ஞாயிறுக்கு மாறும் என்று அறிவித்தார்.

அந்த வாரம் வானொலியில் என் நிகழ்ச்சியில் நேயர்களிடம், "திரும்பி வரும் ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டேன். சுற்றுலா, கோயில், சினிமா என்று பதில்கள் வரும் என்று நினைத்துப் பாட்டெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். முதலில் அழைத்த அம்மா, "தூங்கப் போறேங்க" என்றார். அடுத்து ஓர் ஆசிரியை. "எனக்கு இது நஷ்டம்மா. வெள்ளிக்கிழமை காலையில வீடு கழுவி, விளக்கேத்தி, கோயிலுக்குப் போய் நிம்மதியா வருவேன். இனிமே வெள்ளிக்கிழமை ஸ்கூல்ல நிப்பேன்" என்றார். வெள்ளி விடுமுறையை முஸ்லிம்களின் விடுமுறையாக மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த அழைப்பு ஒரு செய்தி.

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். திங்கள் முதல் வெள்ளி வரை விடியற்காலை நாலரைக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். மகன் 2023இல் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்ந்தான். அவனுக்குப் பள்ளி ஞாயிறு முதல் வியாழன் வரை. எனக்கு வானொலி, அதாவது அட்டவணையில் எந்த நாள் விழுகிறதோ அந்த நாள். நால்வரும் சேர்ந்து இருக்கக்கூடிய ஒரே நாள் சனி. அதிலும் பாதிச் சனிக்கிழமைகளை ஒலிபரப்பு எடுத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில், பிள்ளை பள்ளியில். வெள்ளிக்கிழமை பிள்ளை வீட்டில், அப்பாவும் அம்மாவும் வேலையில்.

அந்த வெள்ளிக்கிழமைதான் சிக்கல். 2023 ஜனவரியில் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்ததைப் பற்றி நானே ஒலிபரப்பில் பேசியிருக்கிறேன் (என் மகள் அதற்கு முன்பே அவசரப்பட்டுப் பிறந்துவிட்டாள்). ஆனால், குழந்தை பிறந்த முதல் மூன்று மாதங்களைக் கணக்கிடும் சட்டத்துக்கு, ஏழு வயதுப் பையனின் வெள்ளிக்கிழமை தெரியாது. எங்களுக்குக் கிடைத்த பதில் பொந்தியான். கணவரின் அம்மா வீடு அங்கே. வியாழக்கிழமை இரவு வேலை முடிந்ததும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு, சனிக்கிழமை அழைத்து வருவோம். இரண்டு வருடம் இப்படி ஓடியது.

அதனால் பொந்தியான் எனக்கு இரவில் மட்டும் தெரிந்த ஊராக இருந்தது. ஸ்கூடாயிலிருந்து ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை, லோரிகளின் பின்விளக்கு, பின் இருக்கையில் தூங்கும் இரண்டு தலைகள், அத்தை வீட்டு வாசல் விளக்கு, மறுபடியும் அதே சாலை. ஜொகூர் பாருவிலிருந்து 60 கிலோமீட்டர் அளவுதான் என்றாலும், சாலையின் இருபுறமும் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறோம்.

பெக்கான் நனாஸ் வந்ததும் மகன் கண்ணாடியை இறக்கினான். பெயரே அன்னாசி நகரம். சாலையோரக் கடைகளில் அன்னாசி அடுக்கியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்து மண், மரம் செடி மக்கி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்த கரி மண். புளிப்பு மண் என்று சொன்னால் தப்பில்லை. பல பயிர்கள் இதில் முகம் சுளிக்கும், அன்னாசி மட்டும் சந்தோஷமாக வளரும். மார்டி எனப்படும் வேளாண் ஆய்வுக் கழகம் 1996இல் வெளியிட்ட 'ஜோசபைன்' என்ற வகையின் பெயரில் ஜொகூரும் சரவாக்கும் ஒளிந்திருக்கின்றன. அந்தப் பெயர்களைக் கொண்ட இரண்டு வகைகளைக் கலந்து உருவாக்கியது அது. ஊரில் அன்னாசிக்கென்று ஓர் அருங்காட்சியகம் உண்டு. சிறியதுதான். ஆனால் நாலு வயதுப் பிள்ளைக்கு அந்த அளவு போதும்.

"பாட்டி இந்தக் கடையில வாங்க மாட்டாங்க, அந்தக் கடையிலதான்" என்று மகன் கை காட்டினான். இந்தச் சாலையில் இருபது மாதம் வாரத்துக்கு இரண்டு முறை வண்டி ஓட்டியவள் நான். எந்தக் கடையில் அன்னாசி நன்றாக இருக்கும் என்று அவன் சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது.

பொந்தியான் கெச்சில் நகரம் மலாக்கா நீரிணையைப் பார்த்தபடி மேற்கு முகமாக உட்கார்ந்திருக்கிறது. எதிரே கண்ணுக்கு எட்டாத தூரத்தில் சுமத்ரா. இந்த மாவட்டத்தில் ஊர்ப் பெயர்களைக் கவனித்தால் 'பாரிட்' என்று தொடங்குபவை நிறைய. பாரிட் என்றால் வெட்டிய வாய்க்கால். சதுப்பில் தண்ணீரை வடித்துத்தான் இங்கே தென்னையும் பாக்கும் நட்டார்கள். ஜாவாவிலிருந்தும் சுலாவெசியின் பூகிஸ் பகுதியிலிருந்தும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். நாசி அம்பெங் என்ற ஜாவா சாப்பாட்டை நாலு பேர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வீட்டில் தட்டுக்கு ஒருவர், போனுக்கு ஒருவர் என்று சாப்பிடும் குடும்பங்களுக்கு மருத்துவரே எழுதித் தரலாம். தமிழர்கள் இம்மாவட்டத்தில் சொற்பம். அதனால்தானோ என்னவோ, அத்தையைச் சந்தையில் எல்லாருக்கும் தெரிகிறது.

பொந்தியான் என்றால் மலேசியர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வந்தான் மீ. தக்காளிச் சாறும் மிளகாய்ச் சாறும் கலந்து சிவப்பாகப் பிசைந்து தரும் மெல்லிய மஞ்சள் மீ. இந்த ஊர்ப் பெயரைப் பலகையில் எழுதிய கடைகள் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் ஏராளம். கோழி போட்டுத் தரும் கடைகளும் உண்டு, கேட்டுக்கொண்டு உட்காருவது நல்லது. மேசைக்குத் தட்டு வந்ததும் மகள், "யாரு வந்தான்?" என்றாள். அண்ணன், "மீ வந்தான்" என்றான். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பாட்டியோடு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த நகைச்சுவையாம் அது. நான் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறேன்.

அன்று முழுவதும் இப்படித்தான். ஆற்றோரம் எந்தப் படகு யாருடையது, எந்தப் பூனை எந்தக் கடையில் தூங்கும், வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசலில் தொழுகை முடிந்ததும் செண்டோல் கடையில் எவ்வளவு கூட்டம் நிற்கும் என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டே நடந்தார்கள். நானும் கணவரும் பின்னால் போனோம். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய பொந்தியானில் இல்லாத கடைகளும் பூனைகளும் இவர்களுடையதில் இருந்தன.

மதியத்துக்கு மேல் தெற்கே குக்குப்புக்குப் போனோம். சேற்றின் மேல் கால் நாட்டி எழுப்பிய சீன மீனவர் கிராமம். வீடு, கோயில், கடை, தெரு எல்லாமே தூண்களின் மேல்தான். வார இறுதியில் பல வீடுகளை வாடகைக்கு விடுகிறார்கள். கடலின் நடுவே மீன் வளர்க்கும் கேலோங்குகளுக்குப் படகில் அழைத்துப் போவார்கள். அங்கே வாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி இரையை வீழ்த்தும் மீனைப் பார்க்கலாம். மகள் வீட்டுக்கு வந்து அதைப் பாலில் செய்து பார்த்தது தனிக் கதை.

கிளம்பும் முன் கடல் ஏற்றம் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு நீர் நிறைந்த நேரம் அழகு, பிள்ளைகளுக்கு வற்றிய நேரம். வற்றினால்தான் சேற்றில் துள்ளும் மீன்கள் வெளியே வரும். மலாயில் இக்கான் பெலாச்சாக் என்பார்கள். செவுளில் தண்ணீரைத் தேக்கிக்கொண்டு, ஈரத்தோலாலும் மூச்சு விட்டுக்கொண்டு, முன்துடுப்பை ஊன்றி நடக்கும் மீன். பலகை நடைபாதையில் குழந்தை வண்டி உருளாது, தூக்கிக்கொள்ளத் தயாராக இருங்கள். பாதையோரத் தடுப்பு எல்லா இடத்திலும் இல்லை, கையை விடாதீர்கள்.

எதிரே தெரிகிற பச்சை, குக்குப் தீவு. சுமார் 647 ஹெக்டர், முழுக்கக் கண்டல் காடு, மனிதர் குடியில்லை. இந்தத் தீவும், தஞ்சோங் பியாயும், சுங்கை பூலாயும் 2003 ஜனவரி 31இல் அனைத்துலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களாக ராம்சார் பட்டியலில் சேர்ந்தன.

தஞ்சோங் பியாய் ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி. கண்டல் மரங்களுக்கு நடுவே மேடை நடைபாதையில் நடந்தால் முனை வந்துவிடும். குரங்குகள் உண்டு, பிளாஸ்டிக் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள். அப்பால் கப்பல்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அவை கிளப்பும் அலைகளும் சேர்ந்து கரையை அரிக்கின்றன. வேர்கள் அந்தரத்தில் தொங்கும் மரங்களைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

மகன் நெடுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டான். "சிங்கப்பூர் இன்னும் கீழ இருக்கே. அதுதானே கடைசி?"

சிங்கப்பூர் தீவு, அதனால் கணக்கில் வராது என்றார் அவன் அப்பா.

"ஆனா பாலம் இருக்கே. நீங்க டெய்லி அதுலதானே போறீங்க?"

1924இல் திறந்த அந்தத் தரைப்பாலத்தைப் பற்றிப் புவியியல் நிபுணர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது. எங்கள் வீட்டில் அது ஆசியாவின் ஒரு பகுதிதான். விடியற்காலை நாலரை மணி அதில்தான் தொடங்குகிறது.

இரவு உணவுக்கு அத்தை வீட்டுக்குத் திரும்பினோம். அன்னாசிப் பச்சடி, கெம்போங் மீன் பொரியல். வெள்ளிக்கிழமை விடுமுறை அவருக்குப் புதிதல்ல. 1994 வரைக்கும் ஜொகூரில் வெள்ளிதான் விடுமுறை, பிறகு ஞாயிறுக்கு மாறி, 2014இல் வெள்ளிக்கு வந்து, இப்போது மறுபடி ஞாயிறு. "நாள் எங்க போனாலும் சமையல் எங்கிட்டதான் வருது" என்று சிரித்தார்.

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் துடைத்து அடுக்கினார். வியாழக்கிழமை சாயங்காலமானால் இன்னும் இரண்டு போர்வையையும் வெயிலில் காயவைத்து எடுத்துவிடுகிறாராம். "கை பழகிப்போச்சும்மா. அப்புறந்தான் ஞாபகம் வரும், வர மாட்டாங்கன்னு." வாரத்தில் இரண்டு இரவும் ஒரு பகலும் வீடு நிறைய இருந்த பிள்ளைகள், இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு வருகிறார்கள். எங்களுக்குத் திரும்பி வந்த நாள் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று அந்தச் சமையலறையில் தெரிந்தது. ஜொகூர் பாருவுக்கு வந்து எங்களோடு இருக்கச் சொன்னோம். சந்தையில் யாரையும் தெரியாது என்கிறார். அந்தக் காரணத்தை எதிர்த்துப் பேச எனக்கு வாயில்லை. அன்று காலைதான் அவரோடு சந்தைக்குப் போயிருந்தேன், நாலு கடை தாண்ட முக்கால் மணி நேரம் ஆனது.

வண்டியில் ஏறும்போது மூன்று அன்னாசிகளைப் பின்னால் வைத்தார். மகள் தூங்கிவிட்டாள். மகன் கண்ணாடி வழியே கையாட்டினான். அத்தை என் பக்கம் வந்து கதவில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அடுத்த ஸ்கூல் லீவு எப்பம்மா?"

தேதியைச் சொன்னேன். உள்ளே போய் நாட்காட்டியில் எழுதிவிட்டு வந்து, மறுபடியும் கையாட்டினார்.