தூதுவளை நாகர்கோவில்

என் கைப்பேசியில் சில பேர் இப்படித்தான் பதிவாகியிருக்கிறார்கள். கத்திரி பொள்ளாச்சி. சிறகவரை தஞ்சாவூர். கறிவேப்பிலை ஷார்ஜா. தூதுவளை நாகர்கோவில். அவர்களுடைய கைப்பேசியில் நான் சுரைக்காய் திருச்சி. யாருடைய மனைவி, யாருடைய அம்மா, என்ன ஆட்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமலே ஐந்து வருடத்துக்கு மேலாகப் பழகிக்கொண்டிருக்கிறோம். இதில் ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை.

2020 ஊரடங்கில் மொட்டை மாடியில் தொட்டி வைத்தவர்களில் நானும் ஒருத்தி. தபால் ஓடத் தொடங்கியதும் விதை மாற்றிக்கொள்வதற்காக ஒரு வாட்ஸ்அப் குழு உண்டானது. பழைய கல்யாணப் பத்திரிகை உறையில், காகிதத்தில் மடித்துப் பத்து விதை வரும். முப்பத்தோரு பெண்கள் இருந்தோம். விதை முளைத்ததோ இல்லையோ, ஆறு மாதத்தில் செடிப் பேச்சு குறைந்துபோனது. காலையில் எல்லாரையும் அனுப்பிவிட்டுப் பதினோரு மணி வாக்கில் யாராவது ஒருத்தி "இன்னைக்கு என்ன குழம்பு?" என்று கேட்பாள். அதிலிருந்து தொடங்கும். பருப்பு வேகாதது, பையனின் கணக்கு மார்க், கொழுந்தன் வீட்டு ஆட்கள் சொல்லாமல் வந்து நின்றது, தீட்டு நிற்கிற வயதில் வருகிற வியர்வை, எல்லாம் அந்தக் குழம்புக்குள்தான். நான் மத்தி என்றால் நாகர்கோவில்காரி விடமாட்டாள். "எக்கா, அது சாளையாக்கும்" என்பாள். இதற்கே அரை மணி நேரம் போகும்.

எங்களில் எழுதுகிறவர்கள் குறைவு. கை ஈரமாக இருக்கும், இல்லையென்றால் மாவாக இருக்கும். விரல் முட்டியால் அழுத்திவிட்டுப் பேசுவோம். அதனால் எங்கள் அரட்டைக்குப் பின்னால் எப்போதும் குக்கர் விசிலும் மிக்ஸியும் குழாய்த் தண்ணீரும் கேட்டுக்கொண்டிருக்கும். பேச்சை நிறுத்தினால் வேலை நிற்காது. வேலை நின்றால்தான் பேச்சு நிற்கும். எல்லாரும் குளிக்கவோ தூங்கவோ போயிருப்போம்.

அந்த வருடம் செப்டம்பரில் ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு வெளியானது. 2019-ல் எடுத்தது. கத்திரி பொள்ளாச்சி செய்தித்தாளைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். வீட்டு வேலை செய்கிற பெண் ஒரு நாளைக்கு அதற்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலையில் கைவைக்கிற ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால். அப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கு 26 பேர்தான். "அந்த 97 நிமிஷ ஆம்பளை எந்தத் தெருவுல இருக்காருன்னு யாராச்சும் கேட்டுச் சொல்லுங்கப்பா" என்று தஞ்சாவூர் அனுப்ப, அன்று முழுக்கச் சிரித்தோம். குழந்தையை, நோயாளியைக் கவனிப்பது தனிக் கணக்கு என்று பொள்ளாச்சி அக்கா விளக்கினார். "அப்ப எங்க மாமிக்க கணக்கு தனியா? செரி செரி" என்றாள் நாகர்கோவில். அவளுடைய மாமியார் படுக்கையில் விழுந்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது.

இனி என் வீட்டைப் பற்றிக் கொஞ்சம். என் கைப்பேசி என் பேரில் இருந்தாலும் அது வீட்டு போன். கேஸ் பதிவு அதில்தான். ரேஷன் கடைக் குறுஞ்செய்தி அதில்தான் வரும். பையன் தன் போனில் சார்ஜ் போனால் இதை எடுத்துக்கொள்வான். அவருக்குக் கண்ணாடி எங்கே வைத்தோம் என்று தேட டார்ச் வேண்டும் என்றால் இதுதான். அவர் போனில் ஒன்பது புள்ளியை இணைத்து ஒரு கோடு போட்டால்தான் திறக்கும். அந்தக் கோடு எப்படிப் போகும் என்று நான் கேட்டதில்லை. என் போனுக்குப் பூட்டு இல்லை என்பதும் எனக்கு ஒரு குறையாகத் தோன்றியதில்லை. என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

2024 ஆவணியில் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. ஏழு வகைச் சாதம் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கூடத்தில் ஜமுக்காளத்தில் சாய்ந்திருந்தோம். பெண்களுக்குக் கதை பேச நேரம் கிடைப்பதில்லை என்று என் ஓரகத்தி ஏதோ சொல்லப்போக, "யாரு சொன்னா? உங்க அக்கா நடத்துற சங்கத்தை வந்து பாரு" என்று இவர் என் போனை எடுத்தார். நான் இலை எடுத்துப் போட்டுவிட்டு வந்து கொண்டிருந்தேன். அதற்குள் சத்தமாக ஓடவிட்டுவிட்டார். நாகர்கோவில்காரியின் குரல். முந்தின நாள் அனுப்பியது. நான் எத்தனையோ முறை கேட்டதால் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"எக்கா, இன்னைக்கு மாமிக்கு மூணு தடவ துணி மாத்தினேன். எனக்கு இனி ஒண்ணும் வேண்டாம். ஒரே ஒரு நாளு, ஒருத்தரும் என்ன அம்மான்னும் ஏட்டின்னும் விளிக்கப்பிடாது. ஒரு லாட்ஜில ரூம் எடுத்துக் கிடந்து உறங்கணும், பாத்துக்கிடுங்க."

முதலில் பேச்சு வழக்குக்குத்தான் சிரித்தார்கள். "விளிக்கப்பிடாது" என்று ஒரு பையன் திருப்பிச் சொன்னான். பிறகு அவருடைய பெரியப்பா மகன், "லாட்ஜுக்கா? தனியாவா, துணையோடவா?" என்றார். கூடமே அதிர்ந்தது. என் நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளைத்தாச்சிப் பெண்ணும் சிரித்தாள். நானும் சிரித்தேன். "ஐயோ, குடுங்க இங்க" என்று போனைப் பிடுங்கியபடியே சிரித்தேன். நல்ல நாளும் அதுவுமாக முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது என்று எனக்குச் சின்ன வயதிலேயே யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். செடியை மாற்றியிருக்கிறேன். பேச்சை மாற்றவில்லை, அதை மாற்றினால் அங்கே அவள் இருக்கமாட்டாள். பதில் மறுநாள் எழுத்தில் வந்தது. "எழுதுங்கள். லாட்ஜை மட்டும் எடுத்துவிடாதீர்கள்."

அன்று இரவு பஸ்ஸில் வரும்போது அவரிடம் கேட்டேன். "ஏங்க, அடுத்தவங்க பேசினதை இப்படிப் போட்டுக் காட்டலாமா?"

"யாருன்னே யாருக்கும் தெரியாது. விளையாட்டுக்குத்தானே?"

அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அது எனக்குத் தெரியும். அதனால்தான் சண்டை போடவும் வழி தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் ஒன்று பிடிபட்டது. அவருடைய டீக்கடை நண்பர் ஒருவர் சீட்டுப் பணத்தில் ஏமாந்து, மனைவியின் நகையை அடகு வைத்திருந்தார். அது இவருக்கு இரண்டு வருடமாகத் தெரியும். என்னிடம்கூடச் சொன்னதில்லை. அந்த அம்மாவே அழுதுகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அப்போது கேட்டதற்கு, "நம்பிச் சொன்னான், அதை எப்படி வெளிய சொல்றது?" என்றார். நான் அதை ஞாபகப்படுத்தினேன்.

"அது வேற" என்றார்.

என்ன வேறு என்று நான் நிறைய நாள் யோசித்திருக்கிறேன். அவர்கள் டீக்கடையில் பேசுவதற்கு நட்பு என்று பெயர். அங்கே ஒருவன் சொன்னதை இன்னொருவன் வீட்டில் சொல்லாமலிருப்பது குணம். நாங்கள் பேசுவது வம்பு. முன்பு குழாயடி, ஆற்றங்கரை, கோயில் பிராகாரம்; இப்போது போன். வம்பில் யாரும் யாரையும் நம்பி எதையும் ஒப்படைப்பதில்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள். எனக்கே அந்த நினைப்பு இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் பூட்டில்லாத போனை ஊறுகாய் ஜாடி மாதிரி கூடத்தில் வைத்துவிட்டுத் திரிந்திருப்பேனா? என்னிடம் மறைக்க ஒன்றுமில்லை, சரி. அதற்குள் இருந்தது என்னுடையது மட்டும் இல்லையே.

சொல்லாமலே விட்டிருக்கலாம். அவளுக்குத் தெரிய வழியே இல்லை. ஒன்பது நாள் அப்படித்தான் இருந்தேன். பதினோரு மணிக்கு அவள் குரல் வரும்போதெல்லாம் பின்னால் அந்தக் கூடத்துச் சிரிப்பும் சேர்ந்து கேட்டது. பத்தாம் நாள் மத்தியானம் அவளுக்கு போன் போட்டேன். நான்கு வருடத்தில் நாங்கள் போனில் நேராகப் பேசியதில்லை. குரல்தான் தெரியும், பதில் உடனே வருகிற பேச்சு பழக்கமில்லை. நடந்ததைச் சொன்னேன். பெரியப்பா மகன் சொன்னதைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்திருந்தேன், அதையும் சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "எக்கா, நீங்களும் சிரிச்சியளா?" என்றாள்.

"சிரிச்சேன்."

"செரி. மாமி விளிக்காவ" என்று வைத்துவிட்டாள்.

குழுவிலும் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். இரண்டு பேர் ஒன்றும் சொல்லாமல் வெளியேறினார்கள். ஒருத்தி என்னோடு அதன்பிறகு பேசவே இல்லை. ஷார்ஜா மட்டும், "என் வீட்டுக்காரரும் தினம் எடுத்துப் படிக்கிறார். வெளியே போட்டுக் காட்டியதில்லை, அவ்வளவுதான்" என்று எழுதினாள். அதற்குப் பிறகு வரிசையாக வந்தது. மகன் படிக்கிறான். மாமனார் கேட்கிறார். ஒருத்தி, ஒவ்வொரு நாளும் நாங்கள் பேசியதை இரவு அழித்துவிட்டுத்தான் படுப்பதாகச் சொன்னாள். நாலு வருடமாக அழித்திருக்கிறாள். எங்களோடு சிரித்ததில் அவளிடம் ஒரு வரிகூட மிச்சமில்லை.

அந்த வாரம் பையனிடம் சொல்லி என் போனுக்குப் பூட்டுப் போட்டேன். ஐம்பத்திரண்டு வயதில் முதல் பூட்டு. "எதுக்கும்மா?" என்றான். ஆறு எண் கேட்டது. கல்யாண நாள், பிள்ளைகளின் பிறந்த நாள் எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கு மட்டும் தெரிந்த ஆறு எண் என்று ஒன்று யோசிக்க ஒரு மணி நேரம் ஆனது. எது என்று இங்கே எழுதப் போவதில்லை. அவர் முதல் வாரம் போனைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். "எங்கிட்ட மறைக்க என்ன இருக்கு?" என்று ஒருநாள் கேட்டார். "என்னோடது ஒண்ணுமில்லைங்க. அவங்களோடது" என்றேன். நாலு நாள் சரியாகப் பேசவில்லை. பிறகு கேஸ் சிலிண்டர் எண் வேண்டியிருந்தது, பேசினார்.

அக்டோபர் கடைசியில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் தீர்ப்பு ஒன்று வந்தது. விவாகரத்து வழக்கில், மனைவிக்குத் தெரியாமல் எடுத்த அவளது அழைப்பு விவரங்களைக் கணவன் சாட்சியமாகக் கொண்டுவந்திருந்தார். அதை ஏற்க முடியாது, கணவன் மனைவிக்கு இடையிலும் அந்தரங்க உரிமை உண்டு என்றது தீர்ப்பு. பொள்ளாச்சி அக்கா அதைப் போட்டபோது எல்லாரும் பூங்கொத்துப் படம் போட்டோம். அடுத்த ஜூலையில் உச்சநீதிமன்றம் வேறொரு வழக்கில், துணைக்குத் தெரியாமல் பதிவுசெய்த பேச்சை மண வழக்கில் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. "அப்ப பூட்டை எடுத்துடலாமா?" என்று தஞ்சாவூர் கேட்டது. "நான் பூட்டினது கோர்ட்டுக்காக இல்லை, வளைகாப்புக்காக" என்றேன். அதற்குச் சிரிப்புப் படம் போட்டவர்களில் நாகர்கோவிலும் இருந்தாள்.

ஆமாம், ஏழு வாரம் கழித்து அவள் திரும்பி வந்துவிட்டாள். என் மேல் வருத்தம் இருப்பதாகக் காட்டிக்கொள்வதில்லை. மாமியார் இந்தத் தை மாதம் போய்விட்டார். குழுவில் எங்களுக்குத்தான் முதலில் சொன்னாள். ஆனால் அவள் இப்போது பேசி அனுப்புவதில்லை. எழுதித்தான் அனுப்புகிறாள். எழுத வேண்டுமென்றால் கையைக் கழுவித் துடைக்க வேண்டும், உட்கார வேண்டும். அதனால் பதினோரு மணிக்கு அவள் இருப்பதில்லை. எல்லா வேலையும் முடிந்து இரவு பத்தரைக்கு மேல் ஒரு வரி வரும். நாங்கள் பாதிப் பேர் தூங்கியிருப்போம்.

நேற்றும் வந்திருந்தது. "மத்திக் குழம்பு வைத்தேன்" என்று எழுதியிருந்தாள். சாளை இல்லையா என்று கேட்க விரலை வைத்தேன். அதற்குள் அவள் இணையத்தில் இல்லை.